இடுப்பில் ஒரு துவக்கு, சேனையில் ஒரு துவக்கு

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் ஏ9 வீதியில், அலுவிகாரையைத் தாண்டி நாலந்தாவுக்கு முன்னால் வரும் சிறு பட்டணம் பலாபத்வல. மிளகு, கொக்கோ, சாதிக்காய் என்று வீட்டுத் தோட்டமே வருமானமாக இருக்கும் ஊர்கள் அதைச் சுற்றி இருக்கின்றன. இங்கே ஒருவர் சட்டைக்குள் சிறு கைத்துப்பாக்கியை வைத்துக்கொண்டு கடைக்குப் போய் வருவதை யாரும் வழக்கம் என்று சொல்லமாட்டார்கள். அமெரிக்காவின் பல மாநிலங்களில் அது அன்றாட வழக்கம். எந்தப் பிஸ்டல் இடுப்பில் துருத்தாது, பிடியைக் கைக்கு எப்படிப் பொருத்துவது, உறையை எந்தப் பக்கம் கட்டுவது என்பதெல்லாம் அங்கே கடைக்காரரோடு பேசித் தீர்க்கும் விஷயங்கள். 2022 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பொது இடத்தில் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது குடிமகனின் உரிமை என்றே தீர்ப்பளித்தது. மலைநாட்டில் அப்படியொரு வழக்கம் வேர்விடாததற்கு மக்களின் சாந்த குணத்தைக் காரணம் காட்டுவது எளிது. இந்த வீதியின் வரலாறு அதற்கு இடம் கொடுக்கவில்லை. இங்கே உடம்போடு ஒட்டிய சிறு ஆயுதம் எப்போதும் மேலிருந்து அருளப்பட்ட அந்தஸ்தாக இருந்தது. பயிரைக் காக்கும் நீண்ட துவக்கோ எப்போதும் சந்தேகத்தோடு எண்ணப்பட்டது. ஆட்சிகள் மாறியும் இந்த ஏற்பாடு மாறவில்லை. அது தலைகீழான ஏற்பாடு என்பதே என் வாதம்.

கண்டி அரசின் காலத்திலிருந்தே இதைக் காணலாம். பிரதானிகள் இடுப்புத் துணியில் செருகிய பிஹா-கெத்த என்னும் கத்தி ஓர் அற்புதமான கைவேலை. அரச பட்டறைகளான பட்டல்-ஹதரவின் கைவினைஞர்கள் அதன் அலகின் மேற்பகுதியில் வெள்ளியையும் பித்தளையையும் இழைத்தார்கள், பிடியைத் தந்தத்திலும் கொம்பிலும் கடைந்தார்கள். உறையிலேயே ஓலையில் எழுதும் எழுத்தாணிக்கும் இடம் வைப்பதுண்டு. அதை அரசன் கையால் பெறுவதே பெருமை. ஆகவே ஒருவர் இடுப்பில் அது இருந்தால், அவர் யாருக்கு வேண்டியவர் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். துவக்கின் கதை வேறு. போர்த்துக்கேயர் வந்த பிறகு சிங்களக் கொல்லர்கள் அந்தத் தொழிலை விரைவாகக் கற்று, அதைத் தமதாகவே ஆக்கிக்கொண்டார்கள். விசைப்பொறியை இடப்பக்கத்தில் வைத்து, அடிப்பிடியைச் சுருள் வடிவில் செதுக்கிய கண்டித் துவக்குகள் இன்றும் உலக அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. 1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையிலிருந்து அள்ளிச்சென்ற லெவ்கே என்னும் அலங்காரப் பீரங்கி 2023இல்தான் கொழும்புக்குத் திரும்பியது. ஆனால் இவ்வளவு அலங்காரம் எதுவும் இல்லாத எளிய துவக்குகளும் கிராமங்களில் இருந்தன. அவற்றின் வேலை, காட்டை வெட்டிப் பயிரிட்ட சேனையில் இறங்கும் பன்றியையும் மானையும் விரட்டுவது.

1848இல் பிரித்தானிய ஆட்சி கைவைத்தது இந்த எளிய துவக்கின் மீது. கோப்பி விலை விழுந்து தோட்டத்துரைமார் நொடித்துப்போன நேரம் அது. திறைசேரியின் பள்ளத்தை நிரப்பத் தேசாதிபதி டொரிங்டன் பிரபு ஜூலை 1ஆம் திகதி முதல் புதிய வரிகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். நாய்க்கு ஒரு ஷில்லிங், துவக்குக்கு ஆண்டுதோறும் இரண்டரை ஷில்லிங், கடைக்கும் வண்டிக்கும் தனித்தனி அனுமதிக் கட்டணம். இவற்றோடு, வீதி வேலைக்கு ஆறு நாள் போகவேண்டும், இல்லையென்றால் மூன்று ஷில்லிங் கட்டவேண்டும். இந்தக் கடைசி வரியில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. ஆறு நாளுக்கு மூன்று ஷில்லிங் என்றால், ஒரு நாள் உழைப்பை அரசே ஆறு பென்ஸாக மதிப்பிட்டிருக்கிறது. அந்த மதிப்பில் பார்த்தால் ஒரு பழைய துவக்கை வீட்டில் வைத்திருப்பதற்கு ஆண்டுக்கு ஐந்து நாள் உழைப்பைக் கொடுக்கவேண்டும். கையில் காசு புழங்காத குடியானவனுக்கு அது பெரும் சுமை. சுமையைவிடப் பெரிய அச்சம் பதிவு. யார் வீட்டில் துவக்கு இருக்கிறது என்று கச்சேரி எழுதிவைத்துக்கொண்டால், அடுத்தது பறிமுதல்தான் என்று கண்டி அரசு வீழ்ந்து 33 ஆண்டே ஆன, 1818 கிளர்ச்சி அடக்கப்பட்ட விதத்தை மறக்காத ஒரு சமூகம் நினைத்ததில் வியப்பில்லை. அந்த ஜூலைக் கடைசியில் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டார். அவருடைய ஆட்கள் வடக்கு வீதி வழியே இறங்கி மாத்தளைக் கச்சேரியைத் தாக்கி, வரிப் பதிவேடுகள் சிலவற்றை அழித்தார்கள். தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு இறங்கும் அந்த வழியில்தான் இன்றைய பலாபத்வல இருக்கிறது. எழுந்தவர்கள் குறிவைத்துத் தேடியது பதிவேட்டை என்பதை நான் மிக முக்கியமான சாட்சியாகக் கொள்கிறேன்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. கிளர்ச்சிக்கு நிலமும் மதமும்தான் வேர், துவக்கு வரி வெறும் தீக்குச்சி என்பார்கள். பெருமளவு சரிதான். 1840ஆம் ஆண்டின் தரிசு நிலச் சட்டம் கிராமத்துக் காட்டையும் சேனை நிலத்தையும் முடிக்குரியதாக்கி, கோப்பித் தோட்டங்களுக்கு விற்க வழிவிட்டது. கண்டி அரசைப் பெற்றபோது செய்த ஒப்பந்தத்தில் பௌத்த சமயத்துக்குக் கொடுத்த வாக்குறுதியிலிருந்து அரசு விலகிக்கொண்டிருந்தது. ஆனால் நிலமும் துவக்கும் தனித்தனி விஷயங்கள் அல்ல. காடு தோட்டமானதும் விலங்குகள் ஒதுங்கும் இடம் சுருங்கியது, சேனைக்கு வரும் தொல்லை கூடியது. அதே நேரத்தில் அந்தச் சேனையைக் காக்கும் கருவிக்கு வரி போடப்பட்டது. காணியை எடுத்த கையே துவக்கையும் எண்ணியது. கிளர்ச்சி சில நாளில் நசுக்கப்பட்டது. ஜூலை 29ஆம் திகதி கண்டியில் இராணுவச் சட்டம் வந்தது. ஆகஸ்ட் 8ஆம் திகதி கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான புரன் அப்பு கண்டியில் சுட்டுக்கொல்லப்பட்டார். எல்கடுவையில் மறைந்திருந்த கொங்காலேகொட பண்டா செப்டம்பரில் பிடிபட்டு, பின்னர் கசையடியோடு மலாக்காவுக்கு நாடுகடத்தப்பட்டார். அடக்குமுறையின் கொடூரம் லண்டன் பாராளுமன்றம் வரை விசாரணைக்குப் போய், 1850இல் டொரிங்டன் பதவியை விட்டுப் போனார்.

அதன் பிறகு ஆயுதம் யார் இடுப்பில் தங்கியது என்று பார்த்தால் பதில் தெளிவாகவே இருக்கிறது. 1872இல் வெப்லி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த புல்டாக் போன்ற குட்டைக் குழல் ரிவால்வர்கள், கோட்டுப் பையில் வைக்கும் அளவில் செய்யப்பட்டவை. மலைநாட்டுத் தோட்டத்தில் துவக்கு துரையின் பங்களாவுக்கு உரியது. லயத்தில் இருந்தது கவ்வாத்துக் கத்தி. மன்னாரிலிருந்து இதே வடக்கு வீதியில் கொலராவுக்கும் காட்டு விலங்குக்கும் பலிகொடுத்து நடந்துவந்த தமிழ்த் தொழிலாளர் கூட்டத்துக்கு வழித்துணை கங்காணியும் கைத்தடியும்தான். 1900இல் தோட்டத்துரைமாருக்கென்றே ஒரு துப்பாக்கிப் படை அமைக்கப்பட்டது. 1915ஆம் ஆண்டு சிங்கள-முஸ்லிம் கலவரத்தில் ஐரோப்பியத் தன்னார்வலர்களுக்கு ஆயுதம் கொடுத்து வீதியில் இறக்கியபோது, நீதி விசாரணையில்லாமல் மனிதர்கள் சுடப்பட்டார்கள். பொன்னம்பலம் இராமநாதன் அதை ஒரு நூலாகவே எழுதி லண்டன்வரை கொண்டுபோனார். அடுத்த ஆண்டே வந்தது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிச் சட்டம். ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டிய அனுமதிப் பத்திரம், கொடுப்பதும் மறுப்பதும் அரசாங்க அதிபரின் விருப்பம் என்ற அமைப்பு அதன் உயிர்நாடி. திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருப்பது அதுவே.

சுதந்திரத்துக்குப் பின்னரும் இந்த இரட்டைப் பாதை நீடித்தது. பயிர்க் காவலுக்கான 12 துளைத் துவக்குக்கு விவசாயி மாவட்டச் செயலகத்துக்குப் போகவேண்டும், கிராம உத்தியோகத்தரும் பொலிசும் அறிக்கை தரவேண்டும். தற்பாதுகாப்புக்கான கைத்துப்பாக்கி பாதுகாப்பு அமைச்சின் கையில். அதைப் பெற்றவர்களில் பெரும்பாலோர் அரசியல்வாதிகளும் வசதி படைத்த வணிகர்களும்தான். 1971 ஏப்ரலிலும் 1987 தொடக்கம் 89 வரையும் ஜே.வி.பி. கிளர்ச்சியாளர்கள் வீடுவீடாகப் போய் அனுமதி பெற்ற துவக்குகளை எடுத்துச் சென்றார்கள். கிளர்ச்சியாளருக்கு ஆயுதம் போய்ச்சேரக்கூடாது என்று அரசும் அதே துவக்குகளைத் திரும்பப் பெற்றது. இரண்டு தரப்பும் தேடிப்போனது விவசாயியின் வாசலை. கிடைக்காததைப் பட்டறைகளில் செய்தார்கள். கல்கட்டாஸ் என்று செய்திகளில் இன்றும் படிக்கும் கைத்தயாரிப்புச் சிறு துப்பாக்கி அந்தக் காலத்தில்தான் பெயர்பெற்றது. துணிக்குள் மறைவது ஒன்றே அதன் தகுதி. செதுக்கிய கண்டித் துவக்கின் கைத்திறன் ஒரு குழாய்த்துண்டில் வந்து முடிந்தது மனதைக் கனக்கச் செய்யும் வீழ்ச்சி.

இங்கேதான் வலுவான மறுப்பு எழுகிறது. கொள்ளைக்காரனிடமும் பாதாள உலகத்தானிடமும் மறைத்துவைத்த பிஸ்டல் இருக்கும்போது, சட்டத்துக்கு அடங்கிய மனிதனிடம் மட்டும் ஏன் இருக்கக்கூடாது? தமிழருக்கு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகக் குத்தும். 1983 ஜூலையில் மாத்தளை நகரில் தமிழர் கடைகள் எரிந்தபோது அவர்களைக் காக்க யாரும் இல்லை. நான் இந்தக் கேள்வியை இலகுவாகத் தள்ளிவிடவில்லை. ஆனால் ஊரே திரண்டு வரும்போது, காவல்துறையும் ஒதுங்கி நிற்கும்போது, ஒரு கடைக்காரரின் இடுப்பிலுள்ள ஆறு தோட்டா என்ன செய்திருக்கும்? முதல் வேட்டு அந்தக் கூட்டத்துக்குச் சாக்காகியிருக்கும். மறைத்த ஆயுதத்தின் பலம் முந்திக்கொள்பவனுடையது. 2025 பெப்ரவரி 19ஆம் திகதி கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தில், பலத்த காவலோடு கொண்டுவரப்பட்ட ஒரு சந்தேகநபரை, சட்டத்தரணி உடையில் வந்த ஒருவர் நீதிமன்ற அறைக்குள்ளேயே சுட்டுக்கொன்றார். உட்பக்கங்கள் வெட்டியெடுக்கப்பட்ட சட்டப் புத்தகம் ஒன்றுக்குள் வைத்து ரிவால்வர் உள்ளே கொண்டுவரப்பட்டதாகப் பொலிசார் தெரிவித்தனர். சுற்றி நின்ற காவல் எதையும் தடுக்கவில்லை. தயாராக வந்தவனுக்கும் எதிர்பாராதவனுக்கும் நடுவே உள்ள அந்த ஓரிரு விநாடியைப் பிடி மாற்றியும் உறை மாற்றியும் ஈடுகட்டமுடியாது.

சேனைக்காரரின் துவக்கைப் பற்றியும் இதே அளவு நேர்மையோடு பேசவேண்டும். நீண்ட துவக்கு குற்றமற்றது என்று நான் சொல்லவில்லை. யானைகள் சுடப்பட்டுச் சாகின்றன. அனுமதி இல்லாத கட்டுத்துவக்கு பாதையோரத்தில் கம்பியில் காத்திருந்து, விறகுக்குப் போன பெண்ணின் காலையும் பக்கத்துக் காணிக்காரரின் காலையும் சிதைக்கிறது. அதற்காகவே பதிவும் பயிற்சியும் வேண்டும். ஆனால் கட்டுத்துவக்கு ஏன் பெருகுகிறது என்றும் கேட்கவேண்டும். சட்டப்படியான துவக்குக்கு அலுவலகம் அலுவலகமாக அலையவேண்டிய இடத்தில், காவலிருக்க ஆளில்லாத வீட்டுக்காரர் இரவில் தானாக வெடிக்கும் ஒன்றைக் கட்டிவைத்துவிடுகிறார். கண்ணால் பார்த்து, கையால் சுடும் ஒரு விவசாயியைவிடக் கட்டுத்துவக்கு எவ்வளவோ ஆபத்தானது.

2024 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சு, தற்பாதுகாப்புக்கென வழங்கிய துப்பாக்கிகளை மீளாய்வுக்காக வெலிசறையிலுள்ள கடற்படை ஆயுதக் களஞ்சியத்தில் ஒப்படைக்கச் சொன்னது. இடுப்பிலிருக்கும் ஆயுதத்தை அரசு முதலில் கேட்டது அபூர்வமான, வரவேற்கவேண்டிய காரியம். நான்கு மாதம் கழித்து, 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணிக்கு, நாடு முழுவதும் மக்கள் ஐந்து நிமிடம் தத்தம் காணியில் நின்று குரங்கு, மயில் முதலியவற்றை எண்ணினார்கள். 1848இல் துவக்கை எண்ணிய அரசு, இப்போது பயிரைச் சேதப்படுத்தும் விலங்குகளை எண்ண முன்வந்தது. அந்த எண்ணிக்கையை வைத்து மாவட்டச் செயலகம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. சேதம் கூடிய கிராமசேவகர் பிரிவுகளில், பயிற்சி பெற்ற விவசாயிகளுக்குப் பயிர்க் காவல் அனுமதியை ஊருக்கே வந்து வழங்கலாம், புதுப்பிக்கலாம். அங்கேயே கட்டுத்துவக்குகளைத் தண்டனையின்றி ஒப்படைக்க ஒரு தவணையும் கொடுக்கலாம். தற்பாதுகாப்புப் பிஸ்டலுக்கான விண்ணப்பமோ, விண்ணப்பிப்பவர் அமைச்சராக இருந்தாலும், காரணத்தை எழுத்தில் காட்டும்வரை மேசையிலேயே இருக்கட்டும்.