பூச்செடிக்கு ஒரு நூற்பா

அமெரிக்கச் சட்டத் தொகுப்பில் 35-ஆம் தலைப்பு காப்புரிமைக்கு உரியது. அதன் 161-ஆம் பிரிவின் முதல் வாக்கியமே இங்கு மூலபாடம். தோட்டத்திலும் தொட்டியிலும் ஆண்டுதோறும் மறுபடி பூக்கிற ஒரு புதுச் செடி வந்துவிட்டால் அது யாருடையது என்று சொல்ல முயலும் வாக்கியம் அது. 1930-இல் பிறந்தது, 1954-இல் அதன் நடுவில் சில சொற்களைச் செருகினார்கள். தமிழில் இப்படி வைத்துக்கொள்ளலாம்:

“தனித்த, புதிய செடி வகை எதையேனும் உருவாக்கியோ கண்டெடுத்தோ, அதைப் பாலிலா முறையில் பெருக்கவும் செய்தவர் எவரும் — பயிரிடத்தில் தோன்றிய கிளைமாறிகள், திடீர்மாறிகள், கலப்பினங்கள், புதிதாகக் கண்ட நாற்றுகள் உட்பட, கிழங்கால் பெருகும் செடியும் பயிரிடப்படாத நிலையில் கண்ட செடியும் நீங்கலாக — இத்தலைப்பின் நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அதற்குக் காப்புரிமை பெறலாம்.”

மூச்சு வாங்கத்தான் செய்கிறது. நம் பழைய உரைகாரர்கள் கையில் கிடைத்திருந்தால் சொல் சொல்லாக உரித்திருப்பார்கள். அவர்கள் அளவுக்கு இல்லாவிட்டாலும், நர்சரிக்காரர் ஒருவர் பக்கத்தில் நிற்பதாக நினைத்துக்கொண்டு உரித்துப் பார்க்கிறேன்.

*தனித்த, புதிய*

புதுமையைக் கெடுப்பது பெரும்பாலும் நாள்காட்டிதான். செடியை விற்கத் தொடங்கி ஓராண்டு கடந்துவிட்டால் அதன் பிறகு விண்ணப்பிக்க வழியில்லை. ஆசைப்பட்டுச் சந்தைக்கு முந்தியவர்கள் இதில் மாட்டிக்கொள்வதுண்டு.

‘தனித்த’ என்பதுதான் கனமான சொல். தாய்ச்செடியிலிருந்தும், சந்தையில் உள்ள நெருங்கிய சாதிச் செடிகளிலிருந்தும் இது எப்படி வேறுபடுகிறது என்று எழுதிக் காட்ட வேண்டும். இலையின் நீளம், காம்பின் மயிர், பூவின் விட்டம், பூக்கும் மாதம் என்று பக்கம் பக்கமாகப் போகும். நிறத்துக்கு வெறுமனே ‘ஊதா’ என்றால் போதாது. இங்கிலாந்தின் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி வெளியிடும் நிற அட்டையில் 900-க்கு மேற்பட்ட சாயல்கள் உண்டு. ஒவ்வொரு சாயலின் நடுவிலும் ஒரு துளை. இதழைத் துளைக்குப் பின்னால் வைத்துப் பார்த்து, ஒத்துப்போகும் எண்ணைக் குறிக்கிறார்கள். புடவைக்கு ரவிக்கைத் துணி பொருத்துகிற அதே வேலை.

இந்த இடத்தில் இல்லாத சொல்லையும் கவனிக்க வேண்டும். ‘நல்ல’ என்ற சொல் இல்லை. இயந்திரத்துக்குக் காப்புரிமை கேட்டால் பயனுண்டா என்று சட்டம் கேட்கும். செடிக்கு அந்த நாற்காலியில் தனித்தன்மையை உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். வேறாக இருந்தால் போதும், மேலாக இருக்க வேண்டியதில்லை. இதன் விளைவு கீழே கலப்பினத்தில் வரும்.

*செடி வகை*

‘வகை’ என்றால் ஒரே மாதிரி தோன்றும் செடிகளின் கூட்டமா, ஒரு தனிச் செடியின் வழித்தோன்றலா? 1995-இல் ஒரு வழக்கு இதைக் கேட்டது. எரிக்கா சன்செட் என்றொரு ஹீதர் செடி. அதன் சிறப்பு நேரம்: அதன் உறவுச் செடிகள் பிப்ரவரியில் பூக்கும்போது இது டிசம்பரிலேயே பூத்துவிடும். கிறிஸ்துமஸ் பூ வியாபாரத்தில் அந்த இரண்டு மாதம்தான் காசு. இன்னொரு பண்ணையும் முந்திப் பூக்கும் ஹீதரை விற்றது. பார்க்க ஒன்றுபோல் இருக்கிறது, எனவே அத்துமீறல் என்றது கீழ் நீதிமன்றம். மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. காப்புரிமை பெற்ற அந்த ஒரு செடியிலிருந்து வெட்டி வளர்த்ததாக இருந்தால்தான் மீறல். வேறொருவர் தனியாக வளர்த்தெடுத்த செடி இதுபோலவே இருந்தாலும் குற்றமில்லை என்றது. எனவே சட்டம் காப்பது சாயலை அன்று, வம்சத்தை என்பது பெறப்படும். எனக்கு இந்தத் தீர்ப்பு சரியாகவே படுகிறது. அதே நிறத்தை அடுத்த தெருக்காரரும் உழைத்து எட்டினால் அவரைத் தடுப்பானேன்?

*உருவாக்கியோ கண்டெடுத்தோ*

தமிழில் ‘கண்டுபிடிப்பு’ என்ற ஒரே சொல்லால் இரண்டையும் சொல்லிவிடுகிறோம். சட்டம் இரண்டையும் பிரித்து, பிறகு ‘ஓ’ போட்டு ஒரே தட்டில் வைக்கிறது. இரண்டுக்கும் ஒவ்வொரு சான்று உண்டு.

உருவாக்கியவர் லூதர் பர்பாங்க். கலிஃபோர்னியாவின் சான்டா ரோசாவில் 1884-இல் ஒரு வெள்ளை டெய்சியைத் தேடிப் புறப்பட்டார். அவர் சொன்ன கணக்குப்படி, முதலில் நியூ இங்கிலாந்தின் சாலையோர டெய்சி: எதையும் தாங்கும், ஆனால் பூ சிறிது. அதோடு பெரிய பூவுள்ள இங்கிலாந்து டெய்சியையும், பிறகு போர்ச்சுகல் டெய்சியையும் கலந்தார். வெண்மை இன்னும் போதவில்லை. கடைசியில் ஜப்பானிய டெய்சியின் மகரந்தத்தைக் கொண்டுவந்தார். 1901-இல் வெளியிட்டபோது 17 ஆண்டு போயிருந்தது. பனி மூடிய ஷாஸ்டா மலையின் பெயரை வைத்தார். இன்றும் குளிர் நாடுகளின் தோட்டங்களில் அந்த ஷாஸ்டா டெய்சியும் அதன் பிள்ளைகளும் நிற்கின்றன. குட்டை ரகங்கள் தொட்டிக்கும் வந்துவிட்டன. அப்போது சட்டம் இல்லை. முதல் செடியை விற்ற மறுநாள் அது ஊர்ச்செடி.

பர்பாங்க் 1926-இல் இறந்தார். 1930-இல் இந்தச் சட்டத்தின் மசோதா அமெரிக்க நாடாளுமன்ற விவாதத்துக்கு வந்தபோது நியூயார்க் உறுப்பினர் லா கார்டியா எதிர்த்தார். ஆதரித்தவர் பர்பாங்கின் பழைய கடிதம் ஒன்றை எடுத்து வாசித்தார். எலிப்பொறி செய்தவனுக்கு உரிமை கிடைக்கிறது, உலகுக்குப் புதுக்கனி தந்தவனுக்குப் பெயர்கூட மிஞ்சுவதில்லை என்ற அங்கலாய்ப்பு அந்தக் கடிதத்தில் இருந்தது. லா கார்டியா எதிர்ப்பைக் கைவிட்டார். இறந்துபோன ஒருவரின் புலம்பலால் நிறைவேறிய சட்டம் என்றால் மிகையில்லை. பிறகு பர்பாங்கின் பெயரில் 16 செடிகளுக்குக் காப்புரிமை கொடுத்தார்கள், எல்லாம் அவர் மறைந்த பின்.

கண்டெடுத்தவர்கள் இங்கிலாந்தின் சாமர்செட்டில் வாழ்ந்த டொனால்ட், ரோசான் வாட்டரர் தம்பதி. 1989-இல் தங்கள் தோட்டத்தில் யாரும் விதைக்காத ஒரு ஜெரேனிய நாற்றைப் பார்த்தார்கள். (நாம் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் தொட்டியில் பார்த்து ஜெரேனியம் என்று சொல்வது பெலார்கோனியம், தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த வேறு பேரினம்.) பூ ஊதாநீலம், நடுவில் வெள்ளை, அளவிலும் பெரிது. தோட்டத்தில் இருந்த இரண்டு ஜெரேனியங்களின் கலப்பு அது. ஒன்று ஹிமாலயென்சி; மற்றொன்று வாலிச்சியானம் என்ற இனத்தின் ஒரு ரகம். பின்னதன் பெயரில் இருப்பவர் கல்கத்தா தாவரவியல் தோட்டத்தை நிர்வகித்த நத்தானியல் வாலிச். இரண்டுமே இமயமலைச் செடிகள். சொந்த மலையை விட்டு வந்தவை சாமர்செட்டில் ஒரு வேலிக்குள் சேர்ந்தன. சேர்த்துவைத்தது வண்டோ தேனீயோ.

இந்த நாற்று மலடு. விதை வைக்காது. விதைக்குச் செலவாக வேண்டிய சத்தெல்லாம் பூவுக்கே போவதால் கோடைத் தொடக்கத்திலிருந்து உறைபனி விழும்வரை ஓயாமல் பூக்கும். தொட்டியில் வைத்தால் விளிம்பைத் தாண்டி வழிந்து தொங்கும். ப்ளூம்ஸ் ஆஃப் ப்ரெஸ்ஸிங்ஹாம் நர்சரி அதைப் பெருக்கிச் சோதித்து 2000-இல் ‘ரோசான்’ என்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2008-இல் அமெரிக்காவில் ‘ஆண்டின் பல்லாண்டுச் செடி’. 2013-இல் செல்சீ மலர்க்காட்சியின் நூற்றாண்டுச் செடி.

பதினேழு ஆண்டு உழைத்த பர்பாங்குக்கும், குனிந்து பார்த்த வாட்டரருக்கும் ஒரே உரிமையா? முதலில் எனக்கும் உறுத்தியது. ஆனால் களை பிடுங்கும் கை தயங்கி நின்றதே, அது சாதாரணமா? எத்தனை தோட்டங்களில் எத்தனை ரோசான்கள் களைக்கூடைக்குப் போயிருக்கும்! பர்பாங்கின் 17 ஆண்டும் உண்மையில் இதே வேலைதான்: ஆயிரக்கணக்கான நாற்றுகளை நிறுத்தி, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எரிப்பது. பொறுக்கும் கண்தான் இரண்டு இடத்திலும்.

*பாலிலா முறையில் பெருக்கவும்*

இந்த ‘உம்’தான் வாக்கியத்தின் அச்சாணி. கண்டால் மட்டும் போதாது. பெருக்கிக் காட்டினால்தான் உரிமை.

பாலிலா முறை என்றால் விதை அல்லாத வழி: போத்து நடுவது, பதியம் போடுவது, ஒட்டுக் கட்டுவது, தூரைப் பிரிப்பது, திசு வளர்ப்பு. ஏன் விதை ஆகாது? கலப்புச் செடியின் விதையை ஊன்றினால் பிள்ளைகள் பாட்டன், பாட்டி, தாயென்று ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். நூறு விதையில் தாயின் அச்சு ஒன்றுகூட வராமல் போகலாம். அதே பெற்றோரை மறுபடி கலந்தாலும் அதே குழந்தை பிறக்காது. அதனால்தான் 162-ஆம் பிரிவு ஒரு சலுகை தருகிறது: இயந்திரக்காரர் தன் விவரிப்பைப் படித்து மற்றவரும் செய்யும்படி எழுத வேண்டும், செடிக்காரர் நியாயமாக முடிந்த அளவு விவரித்தால் போதும். செய்முறை எழுத முடியாத பொருள் இது. ஒரு போத்துதான் செய்முறை.

பெருக்கும்போதுதான் செடியின் யோக்கியதை தெரியும். போத்து எத்தனை நாளில் வேர் விடுகிறது, நுனி கிள்ளினால் எத்தனை கிளை வெடிக்கிறது, ஆயிரம் தொட்டிகளை வரிசையாக வைத்தால் எல்லாம் ஒரே உயரமா? தோட்ட மண்ணில் ராணியாக நின்ற செடி தொட்டியில் கால் பரப்ப இடமில்லாமல் சோர்ந்துபோவது நித்தம் நடப்பது. ‘நல்ல’ என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை என்றேன். உழைப்புக்கு இடம் இருப்பது இந்த ஓர் உம்மையில்தான்.

நம் ஊரில் எதிர்வீட்டுக்காரம்மாவிடம் ‘ஒரு குச்சி ஒடிச்சுக்கிறேன்’ என்று கேட்டு வாங்குகிறோமே, அமெரிக்காவில் காப்புரிமைச் செடியில் அதைச் செய்து பெருக்குவதுதான் மீறல். தொட்டியில் செருகிய அட்டையிலேயே பெருக்கத் தடை என்று அச்சிட்டிருப்பார்கள். இந்தியக் காப்புரிமைச் சட்டம் செடியைக் கிட்டவே சேர்ப்பதில்லை. இங்கே 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் தனி. அதில் உழவருக்குச் சேமிக்கவும் நடவும் பகிரவும் உரிமை எழுதி வைத்திருக்கிறார்கள்.

*கிளைமாறிகள், திடீர்மாறிகள், கலப்பினங்கள், புதிதாகக் கண்ட நாற்றுகள்*

1954-இல் செருகியதில் இதுவும் அடக்கம். கிளைமாறி, அவர்கள் மொழியில் ஸ்போர்ட், என்பது செடி ஒன்றாயிருக்க ஒரு கிளை மட்டும் வேறாவது. செடிகளுக்கான காப்புரிமையில் எண் 1, 1931 ஆகஸ்டில், ‘நியூ டான்’ என்ற கொடிரோஜாவுக்குப் போனது. அது ‘டாக்டர் டபிள்யூ. வான் ஃப்ளீட்’ ரோஜாவின் கிளைமாறி. பூ அதே இளஞ்சிவப்பு. தாய் ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும், இது திரும்பத் திரும்பப் பூக்கும். அவ்வளவே வேறுபாடு. இலைக்காகத் தொட்டியில் வைக்கும் ஹோஸ்டாவிலும் இப்படித்தான்: நீலநிற ‘ஹால்சியான்’ செடியிலிருந்து, நடுவில் மஞ்சள் பாய்ந்த ‘ஜூன்’ வந்தது.

கலப்பினத்துக்கு எக்கினேசியா நல்ல உதாரணம். பர்ப்யூரியா என்ற இனம் இளஞ்சிவப்பிலும் வெள்ளையிலும் பூக்கும். பாரடாக்ஸா என்ற இனம் மட்டும் மஞ்சள். ‘முரண்’ என்று பெயரிட்டதே அதனால்தான். சிகாகோ தாவரவியல் தோட்டத்தில் ஜிம் ஆல்ட் வெள்ளைப் பர்ப்யூரியாவையும் மஞ்சள் பாரடாக்ஸாவையும் கலந்தார். சொல்ல எளிது. எக்கினேசியாவில் ஒரு ‘பூ’ என்பது நூற்றுக்கணக்கான நுண்பூக்களின் கூட்டம். அவை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, நாளுக்கு ஒரு வளையமாகத் திறக்கும். ஒவ்வொன்றும் முதலில் மகரந்தம் தள்ளி, பிறகுதான் சூல்முடியை விரிக்கும். கலப்பவர் தூரிகையோடு அந்த வளையங்களைப் பின்தொடர வேண்டும், தேனீ முந்திவிடாமல் வலையும் கட்டி. 2004-இல் ‘ஆரஞ்சு மெடோபிரைட்’ வந்தபோது, இளஞ்சிவப்பே கதியென்றிருந்த தோட்டங்களுக்கு ஆரஞ்சு எக்கினேசியா கிடைத்தது. பின்னாலேயே சிவப்பும் மஞ்சளும் பீச்சும் வரிசை கட்டின.

ஆனால் பர்ப்யூரியாவுக்குச் சல்லிவேர். பாரடாக்ஸாவுக்கு ஆணிவேர், கிளைப்பதும் குறைவு. பிள்ளைக்கு எது வாய்க்கும் என்பது சீட்டு. அந்த அலையில் வந்த பல கலப்புகள் கடையில் கண்ணைப் பறித்து, இரண்டாம் பனிக்காலத்தில் செத்தன என்பது குளிர்நாட்டுத் தோட்டக்காரர்களின் பழைய புகார். பல்லாண்டுச் செடி என்று வாங்கியது ஓராண்டுச் செடியானது. காப்புரிமையில் அதனால் ஒரு பழுதும் இல்லை: தனித்தது, புதியது, பெருக்கியாயிற்று. ‘நல்ல’ என்ற சொல் இல்லாத குறை இங்கேதான் பல்லிளிக்கிறது. பிறகு வந்தவர்கள் நிறத்தை விட்டுத் தூரையும் வேரையும் பார்க்கத் தொடங்கினார்கள். அது சட்டம் சொல்லிச் செய்ததில்லை, வாங்கியவர்களின் வசவு.

*கிழங்கால் பெருகும் செடி நீங்கலாக*

தின்னும் பாகமும் நடும் பாகமும் ஒன்றே என்பதால் விலக்கினார்கள். நடைமுறையில் உருளைக்கிழங்கும் ஜெருசலேம் ஆர்ட்டிசோக்கும் மட்டுமே இதில் அடங்கும். பூச்செடிகளின் குமிழுக்கும் மட்டத்தண்டுக்கும் தடையில்லை. வேடிக்கை என்னவென்றால், பர்பாங்கின் முதல் புகழே ஓர் உருளைக்கிழங்கு. அதை 150 டாலருக்கு விற்றுவிட்டுத்தான் கலிஃபோர்னியாவுக்கே போனார். அவர் பெயரைச் சொல்லி நிறைவேற்றிய சட்டம் அவருடைய கிழங்கை வாசலிலேயே நிறுத்தியிருக்கும்.

*பயிரிடப்படாத நிலையில் கண்ட செடி*

காட்டில் கண்டதற்கு உரிமை இல்லை. நியாயமான வரி. ஆனால் ரோசானை இந்த வரியில் வைத்துப் பாருங்கள்: இமயத்தில் நிற்கும் தாயும் தந்தையும் எவருக்கும் சொந்தமில்லை, வேலிக்குள் விழுந்த பிள்ளைக்கு மட்டும் சொந்தக்காரர் வந்தார். வேலிதான் இங்கே சட்டம்.

*அதற்குக் காப்புரிமை பெறலாம்*

‘அதற்கு’ என்பது ஒருமை. ஒரு விண்ணப்பத்தில் ஒரு செடி, ஒரே ஒரு உரிமைக் கூற்று. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. 1995-க்கு முன் அது வழங்கிய நாளிலிருந்து 17. இதுவரை 30,000-க்கு மேல் வழங்கியாயிற்று. காலம் முடிந்தால் செடி எல்லாருக்கும் பொது. பெயர் அப்படியன்று. வணிகமுத்திரையைப் புதுப்பித்துக்கொண்டே போகலாம் என்பதால், பல செடிகளுக்கு ஏட்டில் ஒரு பெயரும் கடையில் ஒரு பெயரும் வைக்கிறார்கள். ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டியின் ஏட்டில் ரோசானின் ரகப்பெயர் ‘கெர்வாட்’. ஜெரேனியத்தில் பாதி, வாட்டரரில் பாதி. கடைக்குப் போய் அந்தப் பெயரைச் சொன்னால் கடைக்காரரே விழிப்பார்.