கள்ளறையும் கல்லாப்பெட்டியும்: காரைக்கால் கரையோரத்தின் மரப்பெட்டி மரபு

திறக்கும் வழி தெரியாதவரைத் திணறவைக்கும் மரப்பெட்டி இன்று சேகரிப்பாளர்களின் விருப்பப் பொருள். ஜப்பானின் ஹகோனே மலைப்பகுதியில் செய்யப்படும் புதிர்ப்பெட்டிகள் உலகெங்கும் விலைபோகின்றன. அமெரிக்காவின் ஜெர்ரி ஸ்லோகம் திரட்டிய 30,000க்கு மேற்பட்ட இயந்திரப் புதிர்கள் 2006இல் இந்தியானா பல்கலைக்கழகத்தின் லில்லி நூலகத்துக்குச் சென்றன. புதிர்ப்பெட்டிக்கும் அங்கே இடமுண்டு. நகரும் பலகை, மறைந்த ஆணி, பொய் அடித்தட்டு என இந்தப் பெட்டிகளின் உறுப்புகள் எல்லாமே சோழமண்டலக் கரைக்குப் பழக்கமானவை. இங்கே அவை விளையாட்டுக்காகச் செய்யப்படவில்லை. பணமும் பத்திரமும் நகையும் அவற்றை நம்பியிருந்தன. அந்த வேலை கையைவிட்டுப் போனபோது ஹகோனேயின் பெட்டிக்கு வாழ்வு கிடைத்தது, நம் பெட்டிக்குப் பழம்பொருள் கடை கிடைத்தது. இந்த வேறுபாட்டின் காரணத்தைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று கொடிகளின் கரை

காரைக்காலை மையமாகக் கொள்வதற்கு அதன் அமைவிடமே காரணம். வடக்கே தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனியர் வசம் இருந்தது. தெற்கே நாகப்பட்டினத்தை 1658இல் போர்த்துகீசியரிடமிருந்து பறித்த டச்சுக்காரர்கள் 1781 வரை அதை வைத்திருந்தனர். இரண்டுக்கும் நடுவில் அரசலாறு கடலில் கலக்கும் காரைக்கால், ஆளுநர் துய்மா காலத்தில் 1739இல் தஞ்சை மராட்டிய அரசிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. தரங்கம்பாடியிலிருந்து நாகப்பட்டினம் ஒருநாள் நடைக்குச் சற்றே கூடுதல். அந்தத் தூரத்துக்குள் மூன்று ஐரோப்பியக் கம்பெனிகளின் சுங்கம், மூன்று நாணய வழக்கு, மூன்று நீதிமுறை. நிலப்பக்கம் முழுவதும் தஞ்சை அரசு.

இப்படிப்பட்ட கரையில் துணியும் நெல்லும் வாங்கி விற்றவர் எந்நேரமும் தாள்களோடு வாழவேண்டியிருந்தது. கடன்முறி, கப்பல் சரக்குப் பட்டியல், ஓலை ஒப்பந்தம், முத்திரை மோதிரம், பல வகை நாணயம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்து, வேண்டும்போது தூக்கிக்கொண்டு போகவும் வேண்டும். வங்கி கிடையாது. இரும்புப் பூட்டுக்கு உப்புக் காற்று பகை. ஆக, காவலின் ஒரு பகுதி மரத்தின் மேல் விழுந்தது.

பெயர் தொலைந்த தச்சர்கள்

இந்தக் கரையின் மரவேலைக்கு 17ஆம் நூற்றாண்டிலேயே புகழ் இருந்தது. அம்போன் தீவில் வாழ்ந்து 1702இல் மறைந்த தாவரவியலாளர் ரம்ஃபியஸ், கருங்காலி மரத்தைப் பற்றி எழுதும்போது சோழமண்டலக் கரையில் அதில் செய்யப்படும் செதுக்குவேலை மரச்சாமான்களைக் குறிப்பிடுகிறார். பூவும் கொடியும் தாழ்புடைப்பாகச் செதுக்கிய அந்த நாற்காலிகளும் பெட்டகங்களும் டச்சு, ஆங்கிலக் கப்பல்களில் ஐரோப்பா போய்ச் சேர்ந்தன.

போன இடத்தில் அவற்றின் பிறப்பே மாறிப்போனது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் எழுத்தாளர் ஹோரஸ் வால்போல் இந்தக் கருங்காலி நாற்காலிகளை ஆங்கில டியூடர் காலத்தவை என்று நம்பிச் சேகரித்தார். அவருடைய செல்வாக்கால் மற்றவர்களும் நம்பினார்கள். பின்னர், இரண்டாம் சார்லஸை மணந்த போர்த்துகீசிய இளவரசி கேத்தரினின் சீதனத்தோடு வந்தவை என்ற கதை பரவியது. இவை பெரும்பாலும் சோழமண்டலக் கரையின் வேலை என்பது 20ஆம் நூற்றாண்டு ஆய்வுகளில்தான் உறுதிப்பட்டது. உளி பிடித்தவர்களில் ஒருவர் பெயர்கூட எந்தப் பொருளிலும் இல்லை. பெட்டி வரலாற்றை எழுதப் புகும் எவருக்கும் இது பெரிய தடை. ஐரோப்பியப் பட்டியல்களில் பொருள் இருக்கிறது, விலை இருக்கிறது, வாங்கியவர் இருக்கிறார்; செய்தவர் இல்லை. ஆகவே செய்தவரின் அறிவை அவர் விட்டுச்சென்ற மரத்திலிருந்தே படிக்கவேண்டியிருக்கிறது.

மறைக்கும் முறை

தென்னிந்திய வணிகர் பெட்டிகளிலும் டச்சுக் கால எழுத்துப் பெட்டிகளிலும் திரும்பத் திரும்ப வரும் கள்ளறைகள் சில உண்டு. மிக எளியது பொய் அடித்தட்டு: பெட்டியின் உண்மையான அடிப்பலகைக்கு ஒன்றிரண்டு விரற்கடை மேலே இன்னொரு பலகை. அடுத்தது குட்டை இழுப்பறை. வரிசையில் ஓர் இழுப்பறை மட்டும் மற்றவற்றைவிட ஆழம் குறைந்து நிற்கும். அதன் பின்னால் எஞ்சும் இடத்தில் இன்னொரு சிறு அறை ஒளிந்திருக்கும். மூன்றாவது, பெரிய பெட்டியின் உள்ளே ஒரு பக்கமாக அமைந்த சிற்றறை. மூடியைத் திறந்தவர் கண்ணுக்கு அது நாணயமோ வெற்றிலையோ போட்டுவைக்கும் தட்டு. அதன் பக்கப்பலகை காடியில் ஏறி இறங்கக்கூடியது. மேலே இழுத்தால் கீழே சின்னச் சின்ன இழுப்பறைகள் தெரியும். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயரின் சாய்வு எழுத்துப்பெட்டி வந்தபோது பித்தளைச் சுருளும் சேர்ந்தது. மைக்கூட்டின் அருகிலுள்ள தடுப்பை அழுத்தினாலோ தூக்கினாலோ ஒரு பலகை தானாகத் துள்ளி விலகும்.

இவற்றில் என்னை மிகவும் ஈர்ப்பது மரத்தையே பொறியாக்கிய வகை. பலகைக்குள் தளர்வான ஒரு மர ஆணியைப் போட்டுவிட்டால் அது தன் எடையால் கீழே இறங்கித் தாழாக நிற்கும். பெட்டியைச் சாய்த்தால் மட்டும் ஆணி பின்வாங்கும். இதற்குச் சாவி இல்லை, துவாரம் இல்லை, துருப்பிடிக்க இரும்பும் இல்லை. கடலோரத்துக்கு இதைவிடப் பொருத்தமான பூட்டைச் சொல்வது கடினம்.

ஆனால் காரைக்கால் போன்ற ஊரில் நகரும் மரத்துக்கு ஒரு பெரிய எதிரி உண்டு: ஐப்பசி, கார்த்திகை மழை. மரம் ஈரத்தைக் குடித்து விரியும், கோடையில் சுருங்கும். நார் ஓடும் நீளவாக்கில் இந்த மாற்றம் மிகச் சொற்பம், குறுக்குவாக்கில் அதிகம். அதிலும் வளர்ச்சி வளையத்தின் போக்கில் நேரும் சுருக்கம் தேக்கில் ஆரப்போக்கைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. எனவே நகரும் துண்டு அகலம் குறைந்ததாக, நேர்நாருள்ள பலகையிலிருந்து அறுத்ததாக இருக்கவேண்டும். காடியில் மழைக்காலத்துக்கான இடம் விடவேண்டும். அந்த இடைவெளி கோடையில் கண்ணில் படவும் கூடாது. நல்ல தச்சர் தேக்கையும் தோதகத்தியையும் தேர்ந்ததில் அழகு மட்டும் பார்க்கவில்லை. பருவம் மாறினாலும் அதிகம் அசையாத மரம் இவர்களுக்குத் தேவைப்பட்டது.

இடைவெளியை மறைப்பதில் அலங்காரமும் பங்கேற்றது. மூலைகளைத் தழுவும் பித்தளைத் தகடுகள் பலம் கொடுத்தன, பொருத்துகளின் முனைகளையும் மூடின. புறாவால் பொருத்து எங்கே தொடங்குகிறது, எந்தப் பலகை உண்மையில் தளர்ந்தது என்பது தகட்டுக்குக் கீழே போய்விட்டது. தச்சரும் கன்னாரும் சேர்ந்து செய்த வேலை இது. கம்மாளரின் ஐந்து தொழில்களில் இரண்டு ஒரே பெட்டியில் சந்தித்தன.

பெட்டியடியிலிருந்து இரும்புப் பெட்டகத்துக்கு

19ஆம் நூற்றாண்டில் பெட்டி மீண்டும் கப்பலேறியது. 1862இல் பிரான்ஸ் கொச்சின்சீனாவில் காலூன்றிய பிறகு காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வணிகர்கள், எழுத்தர்கள், காவலர்கள் சைகோன் சென்றார்கள். 1881 ஆணைப்படி தனிச்சட்ட உரிமையைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் அரசு வேலைகளிலும் அமர்ந்தார்கள். செட்டிநாட்டு நகரத்தார் சைகோனின் ஓஹியே தெருவில் வட்டித்தொழில் நடத்தினர். அங்கே அவர்கள் எழுப்பிய முருகன் கோயில் இன்றும் நிற்கிறது.

நகரத்தாரின் வணிகக் கூடமான கிட்டங்கியில் ஒவ்வொரு விலாசத்துக்கும், அதாவது நிறுவனத்துக்கும், தரையில் ஓர் இடம், அந்த இடத்துக்கு ஒரு பெட்டி. சாய்ந்த மூடியே எழுதும் மேசை. உள்ளே பணமும் கணக்கும். தொழில் கற்க வரும் இளைஞன் முதலில் பெட்டியடிப் பையன். அடுத்தாள், மேலாள் என்ற படிகள் அதன் பிறகே. ஒரு நிறுவனத்தின் படிநிலை முழுவதும் ஒரு மரப்பெட்டியின் அடியிலிருந்து தொடங்கியது. மரப்பெட்டிக்கு இதைவிட உயர்ந்த காலம் வரவில்லை என்பது என் மதிப்பீடு.

இறக்கமும் அதே காலத்தில் தொடங்கிவிட்டது. பாங்க் தெ லாந்தோஷின் 1877இல் புதுச்சேரியில் கிளை திறந்தது. கும்பகோணம் வங்கி 1904இல், இந்தியன் வங்கி 1907இல் வந்தன. 1937 பிப்ரவரி 10இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி சென்னை, காரைக்குடி, ரங்கூன் மூன்றிலும் ஒரேநாளில் தொடங்கியது. மறுபுறம் 1897இல் பம்பாயில் பூட்டுச் செய்யத் தொடங்கிய அர்தேஷிர் கோத்ரெஜ் சில ஆண்டுகளில் இரும்புப் பெட்டகங்களையும் விற்றார். தீயும் கன்னக்கோலும் தொடமுடியாத எஃகு கிடைத்தபின் மரத்தின் இரகசியத்தை யார் நம்புவார்கள்? மிஞ்சிய பெட்டிகள் பரணுக்குப் போயின. பரணிலிருந்து காரைக்குடி பழம்பொருள் கடைகளுக்குப் போயின.

ஹகோனே எடுத்த திருப்பம்

ஹகோனேயின் ஹதாஜுகு கிராமம் தோக்கைதோ நெடுஞ்சாலையில் இருந்தது. வழிப்போக்கர்கள் தங்குவார்கள், வெந்நீர் ஊற்றில் குளிப்பார்கள், நினைவுப்பொருள் வாங்குவார்கள். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இஷிகாவா நிஹெய் அங்கே பல நிற மரங்களை ஒட்டி வடிவக்கோலம் உண்டாக்கும் வேலையைத் தொடங்கினார் என்பது மரபு. அந்தக் கோலத்தை மெல்லிய தாளாக இழைத்துப் பெட்டி மேல் ஒட்டினார்கள்; பலகைகளின் விளிம்பு கோலத்துக்குள் மறைந்தது. நம் பித்தளைத் தகடு செய்ததை அங்கே நிறம் செய்தது. நான்கு நகர்த்தலில் திறப்பவை முதல் எழுபதைத் தாண்டுபவை வரை பெட்டிகள் பெருகின. 1984இல் அந்தக் கோலவேலை தேசிய மரபுக் கைத்தொழிலாக அறிவிக்கப்பட்டது. 1999இல் புதிர்ப்பெட்டிக் கலைஞர் அகியோ கமெய் முதலானோர் கராகுரி படைப்புக் குழுவை அமைத்து, ஒவ்வொரு பெட்டிக்கும் செய்தவரின் பெயரைச் சேர்த்தார்கள்.

ஐரோப்பாவும் அதே திசையில் போனது. 1883இல் பிரெஞ்சுக் கணிதர் எதுவார் லூக்கா ஹனோய்க் கோபுரம் என்ற மரப்புதிரைப் பெட்டியிலிட்டு விற்றார். அடுக்கில் ஒரு வட்டு கூடினால் நகர்த்தல்கள் இரட்டிப்பதோடு ஒன்றும் கூடும். 64 வட்டுகளுக்கு அது இருபது இலக்க எண். காரைக்கால்காரர்கள் சைகோனுக்குக் கப்பலேறிய அதே ஆண்டுகளில் பாரிஸ் அந்தக் கீழை நாட்டு நகரம் ஒன்றின் பெயரைப் புதிருக்குச் சூட்டி விற்றுக்கொண்டிருந்தது.

தமிழகத்திலும் பொறியின் வித்தையை விற்றவர்கள் உண்டு: திண்டுக்கல் பூட்டுத் தொழிலாளர்கள். அவர்களின் மாங்காய்ப் பூட்டும் தந்திரப் பூட்டும் கைவேலையாகவே வளர்ந்து 2019இல் புவிசார் குறியீடு பெற்றன. தச்சரோ கள்ளறையைப் பெட்டியோடு சேர்த்தே கொடுத்தார். அது வீட்டுக்காரருக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்திருக்கவேண்டிய செய்தி. வெளியே சொன்னால் பெட்டியின் பயனே போய்விடும். திறமை குறைந்ததால் இந்த மரபு நலியவில்லை. இரகசியம் காத்ததே தொழிலறம் என்பதால் வித்தைக்கு விளம்பரம் இல்லை, விளம்பரம் இல்லாததால் பெட்டியின் வேலை போனபோது வித்தையும் உடன் போனது.

சேகரிப்பவருக்கு

பழைய பெட்டியைக் கையில் எடுப்பவர் முதலில் அளவுகோலை எடுக்கவேண்டும். வெளி உயரத்திலிருந்து உள் ஆழத்தையும் பலகைத் தடிமனையும் கழித்தால் கணக்கு உதைக்கும் இடத்தில்தான் கள்ளறை இருக்கும். மழைக்காலத்தில் நகராத பலகையைத் தட்டித் திறக்கவே கூடாது. உலர்ந்த அறையில் சில வாரம் வைத்துக் காடியில் தேன்மெழுகு தடவினால் பெரும்பாலும் வழிவிடும். பளபளப்புக்காகப் பழைய பூச்சைச் சுரண்டுவது உள்ளிருக்கும் உளித்தடத்தையும் அழித்துவிடும். நூறாண்டு கடந்த கைவினைப் பொருளுக்கு 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் பொருந்தும். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பமுடியாது. புதிதாகச் செய்பவர்கள் தோதகத்தி 2017 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் இருப்பதையும் கவனிக்கவேண்டும். தேக்கும் பலாவும் போதுமானவை.

சனிப்பெயர்ச்சிக்குக் காரைக்காலை அடுத்த திருநள்ளாறு வரும் கூட்டம் எந்தக் கைத்தொழிலுக்கும் ஒரு சந்தை. ஹதாஜுகுவுக்கு வழிப்போக்கர்கள் கொடுத்த வாய்ப்பு காரைக்கால் தச்சர்களுக்கு வாசலிலேயே இருக்கிறது. அதற்கு முன் ஒன்று நடக்கவேண்டும்: காரைக்காலிலும் திருமலைராயன்பட்டினத்திலும் நிரவியிலும் பழைய வீடு வைத்திருப்பவர்கள் பெட்டியை விற்பதற்கு முன்பு அதன் அளவை எழுதி, திறக்கும் வரிசையைப் படமெடுத்து, செய்த ஆசாரியின் பெயர் வீட்டில் யாருக்காவது நினைவிருந்தால் அதையும் குறித்துவைக்கவேண்டும்.