கணையாழியும் திறவுகோலும்

அசோகவனத்திலே சிறையிருந்த சீதாபிராட்டி, தன்முன் வந்து நின்ற அநுமனை உடனே நம்பிவிடவில்லை. இராவணனே மாயவடிவில் வந்தனனோ என்று ஐயுற்றாள் என்கிறது வான்மீகியாரின் காவியம். இராமபிரானின் அங்க அடையாளங்களை எடுத்துரைத்தும், கணையாழியைக் கையிற் கொடுத்துமே அநுமன் பிராட்டியின் நம்பிக்கையைப் பெற்றான். செய்தி இனியதாயிருந்தால் மட்டும் போதாது. அதனை அனுப்பியவர் யார் என்பதும் ஐயமறத் தெளிதல் வேண்டும். இப்பழைய பாடத்தை மின்னஞ்சல் யுகம் எவ்வாறு புதிதாகக் கற்றது என்பதையே ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

நம் நாட்டில் மின்னஞ்சல், 1990ஆம் ஆண்டளவில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து, கல்வியாளரிடையே தொடங்கிற்று. இன்று வெள்ளவத்தையிலிருந்து ரொறன்ரோவுக்கும், கொட்டாஞ்சேனையிலிருந்து இலண்டனுக்கும் குடும்பச் செய்தியும், காணி உறுதியின் பிரதியும், வங்கிக் கணக்கின் விபரமும் கணப்பொழுதிற் செல்கின்றன. ஆனால் சாதாரண மின்னஞ்சல், உறையிலிட்ட கடிதத்தைக் காட்டிலும் தபாலட்டையையே ஒத்தது. வழியிலே இன்று பெரும்பாலும் காப்புத்திரை இடப்பெறினும், அதனைச் சேமித்து வைக்கும் நிலையத்தார் படித்தல் கூடும்.

கடிதத்தை மறைமொழியில் எழுதும் வழக்கம் மிகப் பழையது. உரோமாபுரியின் சீசரும் எழுத்துக்களை இடம் மாற்றி எழுதினார். ஆயின் அம்முறைகள் யாவற்றிலும் ஒரு குறை இருந்தது. பூட்டியவனிடமிருந்த அதே திறவுகோல் திறப்பவனிடமும் இருத்தல் வேண்டும். அத்திறவுகோலைக் களவுபோகாமல் அனுப்புவது எங்ஙனம்? மேலும், நூறு பேர் கொண்ட சங்கமொன்றில் ஒவ்வொருவரும் மற்றொருவருடன் தனித்தனியே இரகசியம் பேச வேண்டுமாயின் 4,950 திறவுகோல்கள் தேவைப்படும்!

1976ஆம் ஆண்டிலே அமெரிக்க அறிஞர்களான விற்பீல்ட் டிபி, மார்ட்டின் ஹெல்மன் ஆகிய இருவரும் இம்முடிச்சை அவிழ்க்கும் வழியை வெளியிட்டனர். ஒருவருக்கு ஒரு திறவுகோலன்று, இணையான இரண்டு. ஒன்று ஊரறியக் கொடுக்கத்தக்க பொதுத் திறவுகோல்; மற்றது உயிர்போற் காக்கவேண்டிய அந்தரங்கத் திறவுகோல். தெருவோரத்துச் சிவப்புத் தபாற்பெட்டியை நினைத்துக் கொள்ளுங்கள். எவரும் அதனுட் கடிதம் இடலாம். திறந்தெடுப்பவன் சாவி வைத்திருப்பவன் ஒருவனே. 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்னும் மூவர் இக்கருத்தை எண்களாற் செயற்படுத்தினர். 53ஐயும் 61ஐயும் பெருக்கினால் 3,233 என்பதைப் பள்ளிச் சிறுவனும் சொல்வான். 3,233ஐ மட்டும் கொடுத்து அவ்விரு பகா எண்களையும் கேட்டால் சிறிது திகைப்பான். இன்று வழங்கும் 2,048 பிற்று எண்ணோ 617 இலக்கங்களைக் கொண்டது. அதனைப் பிரிக்க இன்றைய கணினிகளாலும் இயலாது.

இவ்வரலாற்றில் உருக்கமானதொரு பகுதியும் உண்டு. பிரித்தானிய அரசின் இரகசியத் தகவல் நிலையத்திற் பணியாற்றிய ஜேம்ஸ் எல்லிஸ் 1970இலேயே இக்கருத்தை எண்ணினார். அவருடன் பணியாற்றிய கிளிபேர்ட் கொக்ஸ் 1973இல் அதற்குக் கணித வடிவம் தந்தார். அரச இரகசியமாதலின் உலகம் அறியவில்லை. 1997 டிசெம்பரில் உண்மை வெளியானபோது, எல்லிஸ் காலமாகி ஒரு மாதங்கூட ஆகியிருக்கவில்லை.

1991இல் பில் சிம்மர்மன் என்பார், பொதுமக்களும் இம்முறையைக் கையாளும் வண்ணம் பீ.ஜீ.பீ. என்னும் மென்பொருளை இலவசமாக வெளியிட்டார். ஆயுதத்தை ஏற்றுமதி செய்வதற்கொப்பாக இதனைக் கருதிய அமெரிக்க அரசு, அவர்மீது ஏறத்தாழ மூன்றாண்டுகள் விசாரணை நடத்தி 1996இற் கைவிட்டது. ஜெர்மனியின் வேர்னர் கொக் 1999இல் 'ஞூ பீ.ஜீ.' என்னும் கட்டற்ற மென்பொருளின் முதல் நிலையான பதிப்பை நிறைவு செய்தார்.

இனித்தான் கணையாழிக் கேள்வி எழுகின்றது. சங்கப் பொருளாளருடையதெனச் சொல்லி ஒருவன் தன் பொதுத் திறவுகோலை நம்மிடம் தந்துவிட்டால் என் செய்வது? பூட்டு உறுதியானதுதான், ஆயினும் நம் இரகசியம் அனைத்தும் கள்வன் கைக்கே போகும். இதற்கு இரு வழிகள் கண்டனர். சமாதான நீதவான் கையொப்பமிட்டு உறுதிப்படுத்துவது போல, நம்பத்தக்க நிலையமொன்று சான்றளித்தல் ஒன்று. நம் நாட்டில் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டம் இதற்கு வழி வகுத்தது. 2009இல் 'லங்காசைன்' சான்றுச் சேவையும் வந்தது. மற்றையது, அறிந்தவர் அறிந்தவரை உறுதிசெய்யும் பீ.ஜீ.பீ. முறை. கலியாணம் பேசுமுன் ஊராரிடம் விசாரிக்கும் நம் பெரியோர்க்கு இது புதிதன்று.

திறவுகோல்களைப் பலரும் எடுத்துக்கொள்ளத் திறந்த களஞ்சியங்களும் அமைந்தன. அவற்றில் எவரும் எப்பெயரிலும் திறவுகோலை இடலாம். 2019இற் சிலருடைய திறவுகோல்கள்மீது ஆயிரக்கணக்கான போலிச் சான்றுகள் குவிக்கப்பட்டு, அவை பயன்படா நிலையடைந்தன. ஆகவே களஞ்சியத்திற் கண்டது என்பதனாலேயே ஒன்றை மெய்யெனக் கொள்ளலாகாது.

இளைஞர்காள்! நாம் செய்யத்தக்கவை சிலவே. ஒவ்வொரு பொதுத் திறவுகோலுக்கும் சுருக்கமான விரலடையாளம் உண்டு. பெருவழக்கிலுள்ள வகையில் அது 40 எழுத்து. வருடாந்தக் கூட்டத்தில் நேருக்கு நேர் அதனை ஒப்பிடுக. கடல் கடந்த உறவினர்க்கு, குரலறிந்து, தொலைபேசியில் வாசித்துக் காட்டுக. திறவுகோல் தொலைந்தால் அதனைச் செல்லாதாக்கும் பத்திரத்தை முன்னரே ஆக்கி வேறிடத்தில் வைக்க. அந்தரங்கத் திறவுகோலை உற்ற நண்பனுக்கும் கொடாதீர். முகப்பில் எழுதும் பெயரும், வழமையாகப் பொருட்தலைப்பும் மறைவதில்லை என்பதையும் மறவாதீர்.

முதியோர்களுக்கும் இதில் ஒரு பணி உண்டு. கணிதம் பூட்டைத்தான் தரும். இன்னார் இன்னாரே என்று சொல்லத்தக்கவர் மனிதரே. யாரை நம்பலாம், எப்படி விசாரிக்க வேண்டும் என்னும் பழைய அறிவை முதியோர் கொடுக்க, புதிய கருவியை இளையோர் ஏந்துவாராக.