நூறு நாற்காலிகளின் கணக்கு

அமெரிக்க நாட்டுப்புற இசை மறுமலர்ச்சியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பெரிய நாள்களையே பிடித்துக்கொள்கிறார்கள். 1959-இல் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் ஜோன் பயஸ் என்ற இளம்பெண் மேடையேறிய நாள், 1965 ஜூலை 25 அன்று அதே விழாவில் பாப் டிலன் எலெக்ட்ரிக் கிட்டாரோடு வந்து நின்று பாதிக் கூட்டத்தைக் கொதிக்கவைத்த நாள் என்று கதை தாவிச் செல்கிறது. அந்த நாள்கள் முக்கியமானவைதாம். ஆனால் விழா ஆண்டுக்கு ஒருமுறை வருவது. சில நாள்களில் முடிந்துவிடுவது. 1961-இலும் 1962-இலும் அது நடக்கவே இல்லை. டிலன் நியூயார்க்குக்கு வந்து சேர்ந்ததும், பாஸ்டன் பக்கத்து மாணவர்கள் பாஞ்சோவும் கிட்டாரும் வாங்கிப் பழகியதும் அந்த இரண்டு ஆண்டுகளில்தான். விழா இல்லாத காலத்தில் இந்த இசை வளர்ந்தது என்றால் வேறெங்கோ அதற்கு ஓர் இடம் இருந்திருக்க வேண்டும். இந்த மாதம் இன்ன தேதியில் இன்னார் பாடுவார் என்று ஒரே தாளில் அச்சடித்து ஒட்டிய சின்னச் சின்ன காபி ஹவுஸ்களே அந்த இடம். நட்சத்திரமாகிறவர்கள் ஏறிப் போகும் முதல் படி என்றே அவற்றை நினைத்துப் பழகிவிட்டோம். அது சரியில்லை. அந்த இசையின் உருவத்தையே தீர்மானித்தது அந்தக் கூடங்களின் சிறிய அளவுதான். அந்த அளவு வியாபாரத்துக்கு ஒத்துவராது என்பதை ஏற்றுக்கொண்ட கூடங்களே இன்றும் அடுத்த மாதத்துக்கான பட்டியலை வெளியிட்டுக்கொண்டிருக்கின்றன.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு அருகே, மவுன்ட் ஆபர்ன் தெருவில் 1958 ஜனவரியில் ஒரு காபி ஹவுஸ் திறக்கப்பட்டது. ஜாய்ஸ் கலினா, பாலா கெல்லி என்ற இரு இளம்பெண்கள் ஜாஸ் இசைக்காகத் தொடங்கிய இடம் அது. கதவு எண் 47; ஆகவே பெயரும் கிளப் 47. ஜாஸ் இல்லாத நாளில் பாட வந்தவர்தான் பதினேழு வயது ஜோன் பயஸ். முதல் இரவு வந்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்; அதிலும் அவருடைய பெற்றோரும் தங்கையும் அடக்கம். சம்பளம் 10 டாலர். சில மாதங்களில் அதே பெண் பாடும் நாளில் இடம் கிடைக்காமல் தெருவில் வரிசை நின்றது. மறுகோடையில் நியூபோர்ட். இதைத் திறமையின் கதையாகச் சொல்வது வழக்கம். திறமை இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் பதினேழு வயதுப் பெண் பாட, பதினெட்டு வயது மாணவன் எதிரே உட்கார்ந்து கேட்க, அந்நாளில் எந்த மதுக்கடையில் இடம் இருந்தது? மாசசூசெட்ஸில் மது அருந்த இருபத்தொரு வயது ஆகியிருக்க வேண்டும். கிளப் 47-இல் காபிதான் கிடைத்தது. அதனால்தான் ஒரு தலைமுறை முழுவதும் அதன் வாசலைத் தாண்டி உள்ளே வர முடிந்தது.

மது இல்லாததற்கு இன்னொரு விளைவும் உண்டு. மதுக்கடையில் பாட்டு என்பது விற்பனைக்குத் துணை. கூட்டம் பேசும், சிரிக்கும், கண்ணாடிக் கோப்பைகள் மோதும். பாடகர் அதையெல்லாம் மீறி ஒலிக்க வேண்டும். காபி விற்கும் கூடத்தில் ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பவரால் கல்லாவுக்குப் பெரிய வரவில்லை. அவர் வந்தது பாட்டுக்கு; ஆகவே பாட்டைக் கேட்டார். கேட்கும் கூட்டம் இருந்ததால் இருபது சரணம் கொண்ட பழைய கதைப்பாடலை ஒரு சொல் விடாமல் பாட முடிந்தது. ஒரு தந்தியை மட்டும் மெதுவாக மீட்டி நிறுத்தவும் முடிந்தது. இதற்கு விலக்கும் உண்டு. நியூயார்க்கின் கெர்டிஸ் ஃபோக் சிட்டி மது விற்ற இடம்தான். 1961 செப்டம்பர் 29 அன்று நியூயார்க் டைம்ஸில் ராபர்ட் ஷெல்டன் எழுதிப் புகழ்பெற்ற விமர்சனம் டிலன் அங்கே பாடியதைப் பற்றியதே. சாரடோகா ஸ்பிரிங்ஸில் லீனா ஸ்பென்சரின் கஃபே லீனாவில் அதே ஆண்டு டிலன் பாடியபோது, மது இல்லாத அந்த இடத்திலும் கூட்டம் அவரைச் சரியாகக் கவனிக்கவில்லை. ஆக, காபி வைத்தால் போதும், செவி தானாகத் திறந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. செவி திறக்க வாய்ப்புள்ள இடமாகக் காபிக்கூடம் இருந்தது என்பதே என் வாதம்.

மிசிசிப்பி ஜான் ஹர்ட் இதற்கு நல்ல சான்று. 1928-இல் ஓகே நிறுவனத்துக்குச் சில பாடல்களைப் பதிவு செய்துவிட்டு, இசைத்தட்டு விற்காததால் ஊர் திரும்பி வயல் வேலையில் இறங்கியவர். 1952-இல் ஹாரி ஸ்மித் தொகுத்த 84 பழைய பதிவுகள் கொண்ட தொகுப்பு வெளிவந்தபோது அவர் குரல் மறுபடியும் கேட்டது. ஆனால் ஆள் உயிரோடு இருக்கிறாரா என்பதுகூட யாருக்கும் தெரியாது. தன் பாடல் ஒன்றில் அவர் சொல்லியிருந்த அவலான் என்ற ஊர்ப்பெயரைத் துப்பாகக் கொண்டு, 1963-இல் டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இளைஞர் மிசிசிப்பிக்குப் போய் அவரைக் கண்டுபிடித்தார். அப்போது ஹர்ட்டுக்கு வயது எழுபதை ஒட்டி. அவர் குரல் கூவும் குரல் அல்ல. திண்ணையில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுக்காரரோடு பேசுவது போன்ற குரல். கட்டைவிரல் தாளம் பிடிக்க, மற்ற விரல்கள் ராகத்தை மெல்ல நெய்யும் வாசிப்பு. 1966-இல் இறக்கும் வரை விழா மேடைகளில் பாடினார், கல்லூரிகளில் பாடினார், ஆனாலும் வாஷிங்டனின் ஒன்டாரியோ பிளேஸ் போன்ற காபி ஹவுஸ்களில்தான் அவரைப் பக்கத்திலிருந்து விரல் பார்த்துக் கேட்க முடிந்தது. அப்படிப் பார்த்தே பலர் அந்த வாசிப்பைக் கற்றார்கள். இசைத்தட்டில் ஒலி கிடைக்கும், விரல் கிடைக்காது. நாட்டுப்புற இசை ஏட்டைவிடக் கண்ணாலும் காதாலும் கைமாறுவது. ஐந்தடி தூரத்தில் குரு உட்கார்ந்திருப்பது அதற்கு வசதி மட்டுமல்ல, அதன் கல்வி முறையே அதுதான்.

இங்கே ஒரு கடுமையான ஆட்சேபம் எழும். இது நாட்டுப்புற இசையே அல்ல, நகரத்து வெள்ளை நடுத்தர வர்க்க மாணவர்கள் பிறருடைய இசையை உடுத்திப் பார்த்த வேடம் என்பார்கள். உண்மையான வேர்கள் பருத்தி வயலிலும் கறுப்பர் தேவாலயத்திலும் அப்பலாச்சிய மலை வீட்டு முற்றத்திலும் இருக்க, ஹார்வர்டு சதுக்கத்துக் காபிக்கடையை வரலாற்றின் நடுவே வைப்பது எப்படி நியாயம் என்பார்கள். இந்த ஆட்சேபத்தில் பாதி முழுக்க நியாயமானது. கேட்க வந்தவர்களின் எதிர்பார்ப்பு கலைஞர்களை வளைத்ததற்குச் சான்று இருக்கிறது. சிகாகோவில் எலெக்ட்ரிக் ப்ளூஸின் அரசராக இருந்த மடி வாட்டர்ஸை வைத்து 1964-இல் செஸ் நிறுவனம் எலெக்ட்ரிக் கருவிகளை விலக்கிய ஒரு தட்டை, ‘ஃபோக் சிங்கர்’ என்ற பெயரிலேயே வெளியிட்டது. மாணவர்களின் ஆசைக்கு ஏற்ப அவரை ஓர் இருபது ஆண்டு பின்னால் நிறுத்திய வேலை அது. எனினும் கூடங்கள் அந்த ஆசையிலேயே நின்றுவிடவில்லை என்பது மறுபாதி. 1963-இல் பால்மர் தெருவுக்கு இடம் மாறிய கிளப் 47-இல் அதே மடி வாட்டர்ஸ் தம் முழு எலெக்ட்ரிக் குழுவோடு வாசித்திருக்கிறார். ப்ளூகிராஸின் தந்தை பில் மன்றோவும் அங்கே வாசித்தார். அறுபதுகளின் நடுவில் கிளப்பை நடத்திய ஜிம் ரூனி பின்னாளில் அவ்விருவரையும் ஒரே அட்டைக்குள் வைத்து ஒரு நூல் எழுதினார். கறுப்பு ப்ளூஸையும் வெள்ளை மலையிசையையும் ஒரே குடும்பமாகப் பார்க்கும் அந்தப் பார்வை, இருவரையும் ஒரே கூடத்துப் பட்டியலில் அடுத்தடுத்து எழுதியவரிடம் உருவானதில் வியப்பில்லை. இசைத்தட்டுக் கடைகளோ அவ்விருவரையும் வேறுவேறு அடுக்கில் வைத்திருந்தன.

தொழிலாளர் இசைக்கும் மாணவர் இசைக்கும் நடுவே சுவர் இருந்தது என்பதும் முழு உண்மையல்ல. மேற்கு வர்ஜீனியாவிலிருந்து வந்த லில்லி சகோதரர்கள், பாஞ்சோ கலைஞர் டான் ஸ்டோவரோடு சேர்ந்து, பாஸ்டன் நகரின் ஹில்பில்லி ராஞ்ச் என்ற மதுக்கடையில் ஐம்பதுகளின் தொடக்கம் முதல் ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் வாசித்தார்கள். கப்பற்படை ஆட்களும் தெற்கிலிருந்து வேலை தேடி வந்தவர்களும் நிரம்பிய இடம் அது. கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஆற்றைத் தாண்டிப் போய் அவர்களிடம் கற்றார்கள். பாஸ்டன் பக்கத்தில் வளர்ந்த பில் கீத் பாஞ்சோவில் புதிய வாசிப்பு முறை ஒன்றைக் கண்டு, 1963-இல் மன்றோவின் குழுவிலேயே சேர்ந்தார். வேடம் போட்டவனை மன்றோ என்ற பிடிவாதக்காரர் தம் குழுவில் ஒரு வாரம்கூட வைத்திருக்க மாட்டார்.

இனிப் பணத்துக்கு வருவோம். என் வாதத்தின் அடித்தளம் அங்கேதான் இருக்கிறது. நூறு நாற்காலி கொண்ட கூடம் நிரம்பி வழிந்தாலும் வரவு நூறு டிக்கெட்தான். பாடகரின் புகழ் ஏற ஏற அவர் கேட்கும் தொகை ஏறும், நாற்காலி ஏறாது. ஒரு கலைஞர் யாரென்றே தெரியாத காலத்தில் காலி நாற்காலிகளின் நட்டத்தைக் கூடம் சுமக்கிறது. அவர் பெயர் பெற்றதும் லாபம் பெரிய அரங்குக்கும் இசைத்தட்டு நிறுவனத்துக்கும் போகிறது. 1961 நவம்பர் 4 அன்று ஃபோக்லோர் சென்டர் கடைக்காரர் இஸி யங் தம் பொறுப்பில் டிலனுக்கு கார்னகி சாப்டர் ஹாலில் ஒரு கச்சேரி ஏற்பாடு செய்தார். வந்தவர்கள் ஐம்பத்துச் சொச்சம் பேர். பின்னாளில் டிலன் ஈட்டிய செல்வத்தில் அந்த இரவின் நட்டத்துக்கு எந்தப் பங்கும் வந்ததில்லை. கேட்க வழியும் இல்லை. விதையிட்டவனுக்கு அறுவடையில் உரிமையே இல்லாத ஏற்பாடு இது. ஆகவேதான் கிளப் 47, அத்தனை புகழ் இருந்தும், 1968-இல் மூடப்பட்டது. அது வளர்த்த கலைஞர்களுக்கே கொடுக்க அதனிடம் பணமில்லை. இளைஞர் கூட்டமும் ராக் இசை அரங்குகளுக்கு நகர்ந்துவிட்டது.

சந்தையில் நிற்க முடியாதது ஏன் நிற்க வேண்டும் என்று கேட்பவருக்கு இதுவே என் பதில். அந்தக் கூடங்கள் பயனற்றவை என்பதால் நட்டப்படவில்லை. அவற்றின் பயன் வேறொருவர் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. கேம்பிரிட்ஜில் இதற்கான விடை தொடக்கத்திலேயே, வேறொரு காரணத்துக்காக, தற்செயலாகக் கிடைத்திருந்தது. உணவும் பானமும் தரும் இடத்தில் இசை நடத்த நகர விதிகள் இடைஞ்சல் செய்தபோது, கிளப் 47 லாப நோக்கற்ற கல்விச் சங்கமாகத் தன்னைப் பதிந்துகொண்டு, வருபவர்களை உறுப்பினர்களாகச் சேர்த்தது. போலீஸ் தொல்லையிலிருந்து தப்பக் கண்ட வழி, பிழைப்புக்கான வழியாகவும் மாறியது பிறகுதான். 1969 முதல் அதே பால்மர் தெரு இடத்தை பாப் டான்லினும் ரே ஆன் டான்லினும் பாசிம் என்ற பெயரில் நடத்தினார்கள். பகலில் வாழ்த்து அட்டைக் கடை, சாப்பாடு, இரவில் பாட்டு. அட்டை விற்ற காசு பாட்டைத் தாங்கியது. சுசான் வேகா, டிரேசி சாப்மன் போன்றவர்கள் பாடிய அந்த இடம், டான்லின் தம்பதியர் ஓய்ந்தபின் 1994-இல் லாப நோக்கற்ற அமைப்பாயிற்று. கஃபே லீனாவின் கதையும் அப்படியே. சில ஆண்டுகள் நடத்திக் காசு சேர்த்து ஐரோப்பா போவதே லீனாவும் அவர் கணவரும் 1960-இல் போட்ட திட்டம். கணவர் விட்டுப் போனார். காசு சேரவே இல்லை. லீனா ஐரோப்பாவை மறந்து, 1989-இல் இறக்கும் வரை அந்த மாடிக் கூடத்தை வறுமையிலேயே நடத்தினார். கையில் காசில்லாத நாளில் கலைஞர்கள் இலவசமாகப் பாடிக் கொடுத்தார்கள். அவருக்குப் பின் ஊரார் அதை லாப நோக்கற்ற அமைப்பாக ஏற்றுக்கொண்டார்கள். ஒரு தனி மனிதரின் தியாகத்தில் நிற்கும் இடம் அவரோடு முடிந்துவிடும். லீனா போன்ற ஒருவரைப் போற்றுவதோடு நிற்காமல், அவர் இல்லாமலும் கதவு திறக்க வழி செய்ததுதான் சாரடோகா ஊராரின் பெருமை.

கடைசியாக ஓர் ஆட்சேபம்: நன்கொடையில் வாழத் தொடங்கிய கூடம் சிறியதாகவே இருக்கிறதா? கலிபோர்னியாவின் பெர்க்லியில், பழைய சாமான் கடையின் பெயர்ப்பலகையைக்கூட மாற்றாமல் 1968-இல் நான்சி ஓவன்ஸ் தொடங்கிய ஃப்ரெய்ட் அண்ட் சால்வேஜில் 87 இருக்கைகள்தாம் இருந்தன. 1983-இல் லாப நோக்கற்ற அமைப்பானது. 1988-இல் 220 இருக்கை. 2009-இல் நகர மையத்தில் 440. நானூற்று நாற்பது பேர் எதிரே ஜான் ஹர்ட்டின் விரலைப் பின்வரிசையிலிருந்து பார்க்க முடியாது. இதை ஒளிக்க வேண்டியதில்லை. ஆனாலும் பெரிய கூடம் கிடைத்ததும் அங்கே வகுப்பறைகளும் வந்தன. பாசிமும் தன் இசைப்பள்ளியை நடத்துகிறது. மேடையில் பறிபோன நெருக்கம் வகுப்பறையில் திரும்பக் கிடைத்தால் அந்த வளர்ச்சியை நான் ஏற்பேன். வகுப்பறை இல்லாமல் நாற்காலி மட்டும் பெருகினால் ஏற்கமாட்டேன். 2020 மார்ச்சில் கொரோனாவால் எல்லாக் கதவுகளும் மூடியபோது, டிக்கெட் வரவு அடியோடு நின்றுபோன பாசிம், வேலை இழந்த இசைக்கலைஞர்களுக்காக அவசர நிதி ஒன்றைத் தொடங்கி, நன்கொடை திரட்டி, அவர்களுக்குப் பணம் கொடுத்தது. தன் மேடையே இருளில் கிடக்கும்போது பாடகரின் வீட்டு வாடகையைப் பற்றிக் கவலைப்பட, ஒரு வியாபார அரங்கின் கணக்குப் புத்தகத்தில் பத்தி கிடையாது.