‘நியூசிலாந்து பைன்’ எந்த ஊர் மரம்?

போன வருஷம் வீட்டில் புத்தக அலமாரி ஒன்று செய்ய வேண்டியிருந்தது. தேக்கு விலையைக் கேட்டதும் மனசு மாறி, தூத்துக்குடிப் பக்கம் ஒரு சாமில்லுக்குப் போனேன். வெளிர்மஞ்சள் நிறத்தில் உருட்டுக்கட்டைகள் மலைபோலக் குவிந்து கிடந்தன. அறுக்கும் இடத்தில் பிசின் வாசனை தூக்கியது. “இது எந்த ஊர் மரம் அண்ணாச்சி?” என்று கேட்டேன். “நியூசிலாந்து பைன் சார். கப்பல்ல வருது. பெட்டி அடிக்கத்தான் நிறைய வாங்குவாங்க, அலமாரிக்கும் ஆகும்” என்றார். வெட்டுமுகத்தில் ஆண்டு வளையங்களை எண்ணினேன். இருபத்தேழு வந்தது. அந்த வயசுக்கு மரம் ரொம்பப் பெரிசு.

வீட்டுக்கு வந்து படிக்க உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, நியூசிலாந்தில் இயற்கையாக ஒரு பைன் மரம்கூடக் கிடையாது. பைன்கள் வடபாதி உலகத்து மரங்கள். நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. அவற்றில் பூமத்திய ரேகையைத் தானாகத் தாண்டித் தெற்கே இறங்கியது சுமாத்ராவில் வளரும் மெர்க்குசி பைன் ஒன்றுதான். அப்படியானால் அண்ணாச்சி காட்டிய மரம் எங்கிருந்து வந்தது?

அதன் பெயர் பின்னஸ் ரேடியாட்டா. சொந்த ஊர் கலிபோர்னியாவின் மான்டரே கடற்கரை. உலகம் முழுக்க இன்று சுமார் 40 லட்சம் ஹெக்டேரில் இதை நட்டிருக்கிறார்கள். நியூசிலாந்து, சிலி, ஆஸ்திரேலியா, ஸ்பெயின், தென்னாப்பிரிக்கா என்று பட்டியல் போகிறது. நியூசிலாந்தின் நட்ட காடுகளில் பத்தில் ஒன்பது பங்கு இந்த ஒரே மரம். ஆனால் இயற்கையாக வளரும் இடம் உலகத்திலேயே ஐந்துதான். கலிபோர்னியாவில் ஆன்யோ நூவோ, மான்டரே, கேம்ப்ரியா என்று மூன்று. மெக்சிகோவுக்குச் சொந்தமான குவாதலூப்பே, செட்ரோஸ் தீவுகளில் இரண்டு. எல்லாம் சேர்த்துச் சில ஆயிரம் ஹெக்டேர் தேறும், அவ்வளவுதான். செழித்து வளரும் ‘வெற்றிகரமான’ இந்த மரம், பிறந்த ஊரில் அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. இந்த முரணைப் பார்த்த பிறகு என்னால் விட முடியவில்லை.

கதை 1830க்கு அருகில் தொடங்குகிறது. மான்டரே அப்போது மெக்சிகோ ஆட்சியில் இருந்த சின்னத் துறைமுகம். அயர்லாந்துக்காரரான தாமஸ் கோல்ட்டர், ஸ்காட்லாந்துக்காரரான டேவிட் டக்ளஸ் என்ற இரண்டு செடி சேகரிப்பாளர்கள் ஒரே சமயத்தில் அங்கே இருந்தார்கள், சந்தித்தும் கொண்டார்கள். கோல்ட்டர் கொண்டுபோன மாதிரிகளை வைத்து டேவிட் டான் என்ற தாவரவியலாளர் 1836ல் ரேடியாட்டா என்று பெயர் வைத்தார். கூம்பின் செதில்களில் நடுவிலிருந்து கதிர்போலப் பிரியும் கோடுகள்தான் காரணம். டக்ளஸ் அனுப்பிய விதைகள் பிரிட்டிஷ் தோட்டங்களில் முளைத்தன. அவர் அதை நெடுநாள் பார்க்கவில்லை. 1834ல் ஹவாயில், காட்டு மாடு பிடிக்க வெட்டிய குழியில் விழுந்து செத்துப்போனார்.

நியூசிலாந்துக்கு இந்த மரம் 1859 வாக்கில் போனது. கான்டர்பரி பகுதியில் மவுண்ட் பீல் என்ற ஆட்டுப்பண்ணையில் நட்டார்கள். பிறந்த மண்ணில் காற்றுக்கு வளைந்து, கோணலும் மாணலுமாக நின்ற மரம், இங்கே நெடுநெடுவென்று வளர்ந்தது. நாட்டுக் காடுகள் வெட்டித் தீர்ந்துகொண்டிருந்த பயத்தில் 1920களிலும் 30களிலும் அரசாங்கமே பெரிய அளவில் நட்டது. பொருளாதார மந்தக் காலத்தில் வேலையில்லாதவர்களுக்குக் கன்று நடும் வேலை கொடுத்தார்கள். கயிங்கரோவா என்ற மாபெரும் நட்ட காடு அப்படி வளர்ந்ததுதான்.

இந்தக் கன்றுகளுக்கு விதை எங்கிருந்து வந்தது என்பதுதான் விஷயம். பெரும்பாலும் முன்னால் நட்ட மரங்களிலிருந்தே எடுத்தார்கள். பின்னாளில் ஆராய்ச்சியாளர்கள் தடம் பிடித்தபோது, நியூசிலாந்து மரங்களின் வேர் ஆன்யோ நூவோ, மான்டரே என்ற இரண்டு ஊர்களுக்குத்தான் போனது. கேம்ப்ரியாவின் பங்கு அநேகமாக இல்லை. தீவுகளின் பங்கு சுத்தமாக இல்லை. 1950களில் முறையான இனப்பெருக்கத் திட்டம் வந்தது. நேராக, வேகமாக வளரும் மரங்களைப் பொறுக்கி, அவற்றை மட்டும் பெருக்கினார்கள். சல்லடை இன்னும் சிறிசாயிற்று.

இதில் என்ன ஆபத்து என்று நம்ம ஊர் விவசாயிக்குச் சொல்லவே வேண்டாம். ஊர் முழுக்க ஒரே ரக நெல் போட்டு, அந்த ரகத்துக்குப் புகையான் பிடித்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். ரேடியாட்டாவுக்கும் அது நடந்தது. டோதிஸ்ட்ரோமா என்ற பூஞ்சை ஊசியிலைகளைச் சிவக்கவைத்து உதிர்த்துவிடும். கிழக்கு ஆப்பிரிக்காவில் அது பரவியதும், 1960களின் தொடக்கத்தில் கென்யா இந்த மரத்தை நடுவதையே நிறுத்தியது. அதே பத்தாண்டில் நியூசிலாந்திலும் நோய் தலைகாட்டியது. அவர்கள் விமானத்தில் தாமிர மருந்து தெளித்துச் சமாளித்தார்கள். நிரந்தரத் தீர்வு, நோயைத் தாங்கும் மரபணு உள்ள மரத்தைத் தேடுவதுதான். அதை எங்கே போய்த் தேடுவது? பிறந்த வீட்டில்தானே?

அந்தப் பிறந்த வீட்டிலும் ஐந்து அறை. ஐந்தும் ஒன்றுபோல இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்குள் இருக்கும் லா பிரேயா தார்க்குழிகளிலும், கார்ப்பிண்டேரியா கடற்கரையிலும் ரேடியாட்டாவின் பனிக்காலப் புதைபடிவங்கள் கிடைத்திருக்கின்றன. இன்றைக்கு அங்கெல்லாம் இயற்கையான ரேடியாட்டா கிடையாது. அதாவது, தட்பவெப்பம் மாற மாற இந்த மரம் கடற்கரையோரமாக மேலும் கீழும் நகர்ந்திருக்கிறது. இன்றைய ஐந்து தோப்புகளும் அந்தப் பயணத்தில் ஆங்காங்கே ஒதுங்கியவை. ஒவ்வொன்றும் மற்றதோடு மகரந்தம் கலக்காமல் நெடுங்காலம் தனியாக இருந்திருக்கிறது. கரையிலுள்ள மூன்று தோப்புகளில் ஒரு கொத்துக்கு மூன்று ஊசியிலை. தீவுகளில் பெரும்பாலும் இரண்டு. பைன்களை அடையாளம் காண முதலில் எண்ணுவதே ஊசிகளைத்தான். அதிலேயே வேறுபாடு என்றால், தீவு மரம் தனி இனமா என்ற கேள்வி வரும். தனி இனம் என்று பிரிக்காமல், குவாதலூப்பேயில் உள்ளதை ஒரு வகை, செட்ரோஸில் உள்ளதை இன்னொரு வகை என்று வைத்திருக்கிறார்கள்.

உறவுக்காரர்கள் யார் யார் என்பதும் சுவாரசியம். முடிச்சுக் கூம்பு பைன் எனலாம், பின்னஸ் அட்டெனுவாட்டா. இன்னொன்று பின்னஸ் முரிக்காட்டா. மூன்றுக்கும் ஒரு பொதுக் குணம்: முதிர்ந்த பிறகும் கூம்பு மூடியே இருக்கும். காட்டுத்தீயோ கடும் வெயிலோ பட்டால்தான் திறந்து விதை கொட்டும். ஆன்யோ நூவோவில் ரேடியாட்டாவும் அட்டெனுவாட்டாவும் தாமாகவே கலப்பினம் தருகின்றன. கலிபோர்னியாவின் பிளாசர்வில் ஊரில் இருந்த ஆராய்ச்சி நிலையத்தில் 1927லேயே கையால் மகரந்தம் தூவி இதே கலப்பினத்தை உண்டாக்கினார்கள். ரேடியாட்டாவின் வேகமும் மற்றதன் குளிர் தாங்கும் குணமும் சேரட்டும் என்ற கணக்கு. பிற்காலத்தில் டிஎன்ஏ வந்தபோது இன்னொரு வசதி கிடைத்தது. பைன்களில் பசுங்கணிகத்தின் டிஎன்ஏ மகரந்தம் வழியாக, அதாவது அப்பனிடமிருந்து வருகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ அம்மாவிடமிருந்து. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கலப்பு மரத்தின் அப்பன் யார், அம்மா யார் என்று சொல்லிவிடலாம். மனிதர்களுக்குக்கூட இவ்வளவு சுலபமில்லை!

பிறந்த வீட்டுக்குத் திரும்பிப்போகும் வேலை 1978ல் நடந்தது. பெர்க்லியில் பேராசிரியராக இருந்த வில்லியம் லிப்பி, ஆஸ்திரேலியாவின் கென் எல்ட்ரிட்ஜ் போன்றவர்கள் முன்னின்று ஐந்து இடங்களிலும் விதை சேகரித்தார்கள். அவை ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் சோதனைத் தோப்புகளாக நிற்கின்றன. அதுவரை யாரும் சீந்தாத குவாதலூப்பே மரத்தின் கட்டை, கரை மரங்களைவிட அடர்த்தியானது என்று தெரிந்தது. ‘கோணல் மரம்’ என்று ஒதுக்கியதில் என்னென்ன இருக்கிறதோ!

ஆனால் அந்தக் குவாதலூப்பேயின் நிலைமை மோசமாக இருந்தது. கரையிலிருந்து சுமார் 250 கிலோமீட்டர் தள்ளிப் பசிபிக்கில் கிடக்கும் எரிமலைத் தீவு அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாலுமிகள் இறைச்சிக்காக ஆடுகளை இறக்கிவிட்டார்கள். ஆடு பெருகியது. முளைக்கிற ஒவ்வொரு கன்றையும் தின்றது. வளர்ந்த மரத்தை ஆட்டால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே தீவில் கிழட்டு மரங்கள் மட்டும் மிஞ்சின, குழந்தைகளே இல்லை. 2001ல் எண்ணியபோது சுமார் 220 மரங்கள். தீவின் வடக்கு முகட்டில், மூடுபனியை ஊசிகளால் வடித்துக் குடித்துக்கொண்டு நின்றன.

இதைப் படித்ததும், 220 மரம்தான் என்றால் மரபணு வளமும் தீர்ந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். நான் நினைத்தது தப்பு. 2006ல் வந்த ஒரு ஆய்வு ஐந்து தோப்புகளின் டிஎன்ஏவில் மைக்ரோசாட்டிலைட் என்ற குறியீடுகளைப் பார்த்தது. தோப்புகள் தனித்தனியே ஒதுங்கியதன் தடம் தெரிந்தது. ஆனால் அண்மைக் காலத்தில் எண்ணிக்கை சுருங்கியதன் தடம் தெரியவில்லை. யோசித்தால் காரணம் புரிகிறது. மரத்தின் ஆயுசு நீளம். மிச்சமிருந்த கிழவர்கள், தீவு நிறைய மரம் இருந்த காலத்தில் பிறந்தவர்கள் அல்லது அவர்களின் நேர் வாரிசுகள். பழைய சொத்து அவர்களின் உடம்பில் இன்னும் இருந்தது. கைமாற்றிக் கொடுக்கப் பிள்ளைகள்தான் இல்லை. அவர்கள் ஒவ்வொருவராகச் சாய்ந்திருந்தால் சொத்தும் போயிருக்கும், நிரந்தரமாக.

நல்லவேளை, அந்த நேரத்திலேயே வேலி போட்டார்கள். விதை சேகரித்தார்கள். 2007 வாக்கில் தீவில் ஆடுகளை முழுவதும் ஒழித்தார்கள். வேலிக்குள் கன்றுகள் தாமாகவே முளைத்தன. நூறு வருஷத்துக்கு மேலாகக் காணாத காட்சி.

கரையிலிருக்கும் மூன்று தோப்புகளுக்கு எதிரி ஆடு இல்லை, வீட்டுமனை. மான்டரே தீபகற்பத்தின் பைன் காட்டுக்குள்தான் புகழ்பெற்ற பெபிள் பீச் கோல்ஃப் மைதானங்கள் இருக்கின்றன. 1986ல் பிசின் வடியவைக்கும் ஒரு பூஞ்சை நோய் கலிபோர்னியாவில் தென்பட்டது. பிறகு வெளிநாடுகளிலும் தலைகாட்டியது. ஆனால் மான்டரே தோப்பிலேயே சில மரங்கள் அந்த நோயைத் தாங்கி நின்றன, சில பிடிபட்டுத் தேறின. எது தாங்கும் என்று மரத்தின் முகத்தில் எழுதியிருக்காது. நோய் வந்த பிறகுதான் தெரியும். அதுவரை எல்லாவற்றையும் வைத்திருப்பது ஒன்றே வழி. மனைக்காக இன்று வெட்டும் மரம், நாற்பது லட்சம் ஹெக்டேருக்கும் வேண்டியிருந்த மரமாக இருக்கலாம்.

அலமாரியை அந்தப் பலகையிலேயே செய்துவிட்டேன். பிசின் வாசனை இன்னும் கொஞ்சம் இருக்கிறது. யாராவது “என்ன மரம் சார்?” என்று கேட்டால், நியூசிலாந்து பைன் என்று சொல்ல வாய் வருவதில்லை. மான்டரே மரம் என்று தொடங்கினால் கதை குவாதலூப்பே ஆடு வரைக்கும் போய்விடுகிறது. கேட்டவருக்குப் பொறுமை இருந்தால் சரி.