அவசியமில்லாத மரபணு – ஒரு சொல்லின் வரலாறு

மலர்க் குழுவினர் இந்த வருஷமும் கட்டுரை கேட்டார்கள். வழக்கமாகக் கல்வெட்டு, ஏட்டுச்சுவடி என்று எழுதுகிறவன், இம்முறை ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்ட்டைப் பற்றி எழுதுகிறேன். காரணம் என் பேரன். கல்லூரியில் உயிரியல் படிக்கிறான். "தாத்தா, ஈஸ்ட்ல அஞ்சுல நாலு மரபணு அவசியமே இல்லாதது" என்றான். "அவசியமில்லேன்னா அதை ஏண்டா இத்தனை காலமா சுமந்துக்கிட்டு வருது?" என்று கேட்டேன். அவனுக்கும் பதில் தெரியவில்லை. ஓரறிவு உயிருக்கும் கணக்கு வைக்கிற நயினார் குடும்பத்தில் பிறந்தவன் நான்; கேள்வி என்னை விடவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்கப் படித்ததன் சாரம் இது.

ஈஸ்ட் ஒற்றைச் செல் உயிர். ஆனாலும் நம் செல்லைப் போலவே அதற்கும் உட்கரு உண்டு. இவ்வகை உயிர்களில் முதன்முதலாக முழு மரபெழுத்தும் படிக்கப்பட்டது இதற்குத்தான், 1996-இல். பல நாட்டு விஞ்ஞானிகள் சுமார் 600 பேர் சேர்ந்து செய்த வேலை. 16 குரோமோசோம்கள், ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் எழுத்துகள், சுமார் 6000 மரபணுக்கள்.

பட்டியல் கிடைத்தது. ஆனால் எந்த மரபணு என்ன வேலை செய்கிறது? அதை அறிய ஒரு வழி, ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் பார்ப்பது. எடுத்த இடத்தில் மருந்தைத் தாங்கும் வேறொரு மரபணுவை வைத்தார்கள். பிறகு அந்த மருந்தை ஊற்றினால், மாற்றம் நடந்த செல் மட்டும் பிழைக்கும். கூடவே 20 எழுத்துகள் கொண்ட அடையாளக் குறி ஒன்றையும் செருகினார்கள். நம் கடைச் சரக்கில் ஒட்டும் பார்கோடு மாதிரிதான்.

1999-இல் சுமார் 2000 மரபணுக்களுக்கு இது முடிந்தது. 2002-இல் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும். எடுத்தால் செல் பிழைக்காது என்ற வகை ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதிக்கு 'அவசியமற்றவை' என்று பெயர் விழுந்தது.

இங்கேதான் கவனிக்க வேண்டும். அந்தச் செல்கள் வளர்ந்த இடம் எது? சர்க்கரையும் சத்தும் நிறைந்த கூழ், இதமான 30 டிகிரி சூடு. மாமியார் வீட்டு மாப்பிள்ளைக்கு என்ன குறை!

ஏடிஇ-2 என்ற மரபணுவைப் பாருங்கள். அடினைன் என்ற சத்தைச் செல் தானே தயாரிக்க இது வேண்டும். இதை எடுத்த ஈஸ்ட், அடினைன் தாராளமாக உள்ள கூழில் வழக்கம்போல் வெள்ளையாக வளரும். அடினைனைக் குறைத்தால் தயாரிப்பு பாதியில் நின்று, இடைப்பொருள் தேங்கி, ஈஸ்ட் சிவப்பாகிவிடும். வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். அடினைனே இல்லையென்றால் வளரவே வளராது. ஒரே செல், ஒரே குறை. சோற்றைப் பொறுத்து மூன்று விதம்.

2008-இல் இன்னொரு பெரிய ஆய்வு வந்தது. மருந்து, சத்துக்குறைவு என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட சோதனைகள். ஏதோ ஒரு நிலைமையிலாவது, 97 சதவீத மரபணுக்களின் இழப்பு வளர்ச்சியில் தெரிந்தது. 2010-இல் டொரன்டோ ஆய்வாளர்கள் சுமார் 54 லட்சம் ஜோடிகளைச் சோதித்த முடிவு வெளிவந்தது. தனித்தனியே எடுத்தால் தாங்கும் செல், சில ஜோடிகளைச் சேர்த்து எடுத்தால் சாகிறது. ஒன்று போனால் மற்றொன்று தோள் கொடுத்திருக்கிறது என்று அர்த்தம்.

எனக்கு என் கடை ஞாபகம் வந்தது. மும்பையில் கடை போட்ட புதிதில், ஆறு மாசமாக அசையாத தார்ப்பாயை ஜனவரியில் வந்த விலைக்குத் தள்ளிவிட்டேன். ஜூனில் மழை பிடித்தது. வாசலில் வாடிக்கையாளர் நிற்கிறார்கள், நான் வெறுங்கையோடு நிற்கிறேன்.

பேரனிடம் சொன்னேன்: "அவசியமில்லேன்னு எழுதினா, பக்கத்திலேயே 'எந்தக் கூழில்?'னும் எழுதுடா." சிரித்தான். ஆனால் நோட்டில் எழுதிக்கொண்டான்.