உபகாரச் சம்பளமும் உயிர்நூல் ஆராய்ச்சியும்

விஞ்ஞான வரலாற்றை எழுதுவோர் கண்டுபிடிப்புகளை விவரிப்பர், கருவிகளை விவரிப்பர், கண்டவரின் மேதையையும் போற்றுவர். அவர் ஆராய்ந்துகொண்டிருந்த ஆண்டுகளில் அவருக்குச் சோறிட்டவர் யார் என்ற கேள்வியை மட்டும் பெரும்பாலோர் எழுப்புவதில்லை. டாக்டர் பட்டத்துக்கான ஆராய்ச்சி நான்கு அல்லது ஐந்து ஆண்டுகளை விழுங்குவது. அந்த ஆண்டுகளில் அறை வாடகையும் உணவுச் செலவும் மாதந்தோறும் வந்துகொண்டேயிருக்கும். அவற்றை ஏற்ற கைகள் யாருடையவை என்று பார்த்தால், நம் நாட்டு விஞ்ஞானத்தின் இன்னொரு வரலாறு புலப்படுகிறது.

இக்கேள்வி மற்றத் துறைகளைக் காட்டிலும் உயிர்நூல் துறையில் முக்கியமானது. சர் சி.வி. ராமன் 1907 முதல் 1917 வரை அரசாங்க நிதித்துறையில் உத்தியோகம் வகித்தார். கல்கத்தாவில் இருந்த காலங்களில், அலுவல் நேரம் போக எஞ்சிய காலையிலும் மாலையிலும் விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தில் ஆராய்ச்சி செய்தார். ஒலியும் ஒளியும் அவருக்காகக் காத்திருந்தன. உயிருள்ள பொருள்கள் அவ்வாறு காத்திருப்பதில்லை. கண்ணாடித் தட்டில் வளரும் கிருமிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. பிரித்தெடுத்த புரதம் சிறிது நேரம் கவனியாது விட்டால் கெட்டுவிடும். ஆகவே உயிர்நூல் ஆராய்ச்சியாளன் வேறு தொழில் பார்த்துக்கொண்டு ஓய்வு நேரத்தில் ஆராய்வது அரிது. ஒன்று அவன் செல்வந்தனாக இருக்க வேண்டும். அன்றேல் அவனுக்கு ஒருவர் உபகாரச் சம்பளம் அளிக்க வேண்டும்.

நம் நாட்டில் முதலில் அவ்வுதவியை அளித்தது தருமம். எல்லாப்ரகட சுப்பாராவ் 1895-இல் பீமவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றபோது கதராடை அணிந்தமையால் பேராசிரியர் ஒருவரின் அதிருப்திக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக எல்.எம்.எஸ். சான்றே பெற்றார். காக்கிநாடாவிலிருந்த சத்தியலிங்க நாயக்கர் தருமத்தின் ஆதரவும் மாமனார் வீட்டாரின் உதவியும் துணைநிற்க, 1922-இல் பாஸ்டன் நகரத்தை அடைந்தார். அங்கே அது போதவில்லை. மருத்துவமனை ஒன்றில் இரவு நேர ஊழியம் செய்து வயிற்றைக் கழுவினார். அந்நிலையில், இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையை ஃபிஸ்கே என்ற பேராசிரியருடன் சேர்ந்து வகுத்து 1925-இல் வெளியிட்டார். உயிரணுவின் வேலைகளுக்கெல்லாம் சக்தி வழங்கும் ஏ.டி.பி. என்ற பொருளை 1929-இல் இருவரும் இனங்கண்டனர். அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமான் என்பவரும் அதைத் தனியே கண்டறிந்தார். சுப்பாராவுக்கு 1930-இல் டாக்டர் பட்டம் கிடைத்தது. பின்னர் லெடர்லி ஆராய்ச்சிக்கூடத்தில் ஃபோலிக் அமிலத்தையும் யானைக்கால் நோய்க்குரிய மருந்தையும் உலகுக்கு அளித்த குழுக்களை நடத்தினார். 1948-இல், 53 வயதில் காலமானார். ஊர்த் தருமம் ஒன்று கொடுத்த ஆதரவு எத்தனை மடங்காகத் திரும்பி வந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தருமம் கடல் கடந்தும் வந்தது. மிச்சிகன் சர்வகலாசாலையின் ஆட்சிக்குழுவில் இருந்த லெவி பார்பர் என்பவர், ஆசிய நாட்டுப் பெண்கள் அங்கே வந்து உயர்கல்வி பெறுவதற்காக 1917-இல் ஓர் உபகாரச் சம்பளத்தை ஏற்படுத்தினார். தலைச்சேரியில் 1897-இல் பிறந்து, சென்னையில் படித்து, பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியையாக இருந்த ஜானகி அம்மாள் அதைப் பெற்று அமெரிக்கா சென்றார். 1931-இல் விஞ்ஞான டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பிய அவர், கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பின் நிறக்கோல்களை ஆராய்ந்தார். பயிர்த் தாவரங்களின் நிறக்கோல்களைத் தொகுத்து டார்லிங்டனுடன் அவர் ஆக்கிய நூல் 1945-இல் வெளிவந்தது. இந்தியத் தாவர ஆய்வுத் துறையைச் சீரமைக்க 1950-களின் தொடக்கத்தில் பண்டித நேருவின் அழைப்பின்பேரில் தாயகம் திரும்பினார். பெண் ஒருத்தி மணவாழ்க்கையை விடுத்துத் தாவரங்களின் உயிரணுக்களை ஆராயப் போவதை விசித்திரமாகக் கருதிய காலத்தில், அவளுக்கென்றே ஒதுக்கப்பட்ட ஒரு தொகை இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

பணம் இருந்தும் கதவு திறவாத நேரங்களும் உண்டு. பெங்களூரில் தாதாவின் கொடையால் உருவாகி 1909-இல் நிறுவப்பட்ட இந்திய விஞ்ஞான ஸ்தாபனத்தில் ஆராய்ச்சி பயில, 1933-இல் கமலா பாகவத் விண்ணப்பித்தார். அவருடைய தந்தையும் சிறிய தந்தையும் அதே ஸ்தாபனத்தில் பயின்றவர்கள். பெண் என்ற காரணத்தால் இயக்குநர் ராமன் இடம் மறுத்தார். கமலா விடவில்லை, காரணம் கேட்டு நின்றார். ஓராண்டுக் காலம் சோதனைமுறையில் பயிலலாம் என்ற நிபந்தனையுடன் இடம் கிடைத்தது. பாலிலும் பருப்பு வகைகளிலும் உள்ள புரதங்களை ஆராய்ந்து முதுநிலைப் பட்டம் பெற்றார். பம்பாய் சர்வகலாசாலையின் உபகாரச் சம்பளங்களைப் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்று, விலங்குகளிடம் காணப்பட்ட சைட்டோகுரோம் சி என்னும் பொருள் தாவரங்களிலும் உண்டென நிறுவி, 1939-இல் டாக்டர் பட்டம் பெற்றார். மணத்திற்குப் பின் கமலா சோஹோனி என அறியப்பட்டவர் இவரே. இடம் தருதல், பணம் தருதல் ஆகிய இரண்டும் சேர்ந்தே ஒரு வாய்ப்பு ஆகிறது என்பதை இவருடைய கதை உணர்த்துகிறது.

மூன்றாவது ஒன்றும் வேண்டும். அது ஆராய்ச்சிக்குப் பின் அமரும் ஆசனம். இதற்கு ஹர் கோவிந்த் கொரானா உதாரணம். இன்று பாகிஸ்தானில் உள்ள ராய்ப்பூர் என்ற சிற்றூரில், நில வரிக் கணக்கர் ஒருவரின் மகனாக 1922-இல் பிறந்தார். லாகூரில் முதுநிலைப் பட்டம் பெற்றபின், 1945-இல் இந்திய அரசாங்கத்தின் உபகாரச் சம்பளம் அவரை லிவர்பூலுக்கு அனுப்பியது. 1948-இல் டாக்டர் பட்டமும் பெற்றார். அப்போது அவருடைய ஊர் வேறொரு நாட்டுக்குப் போய்விட்டது. 1949-இல் சிறிது காலம் இந்தியா வந்து வேலை தேடினார்; தக்க பதவி எதுவும் கிடைக்கவில்லை. பின்னர்க் கேம்பிரிட்ஜ் சென்று, அங்கிருந்து 1952-இல் கானடாவின் வான்கூவருக்கும், 1960-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினுக்கும் போனார். மரபுக் குறியீட்டை விளக்கியதற்காக 1968-இல் அவருக்கும் நீரன்பெர்க், ஹாலி ஆகியோருக்கும் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. விதை நம் பொக்கிஷத்துப் பணம். விளைச்சலோ பிறர் களத்தில் குவிந்தது. உலகப் பொதுவான அறிவில் நமர், பிறர் என்ற பேதம் இல்லை என்று சமாதானம் சொல்லலாம். ஆயினும் அவர் இங்கே அமர்ந்திருந்தால் எத்தனை மாணவர்கள் அவரிடம் பயின்றிருப்பார்கள் என்ற ஏக்கம் தீர்வதில்லை.

ஆசனம் கிடைத்த இடத்தில் நிகழ்ந்ததைச் சென்னையில் காணலாம். ராமனிடம் பயின்று, கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பிய ஜி.என். ராமச்சந்திரனை, துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகப் பௌதிகத் துறைக்குத் தலைவராக நியமித்தார். அப்போது ராமச்சந்திரனுக்கு ஏறத்தாழ முப்பது வயது. தோலிலும் எலும்பிலும் தசைநாணிலும் உள்ள கொல்லாஜென் என்ற புரதத்தின் அமைப்பு அன்று விடைகாணாத புதிராக இருந்தது. சென்னைத் தோல் ஆராய்ச்சி நிலையம் அளித்த கங்காரு வால் தசைநாணை எக்ஸ் கதிர்களால் படம்பிடித்து, கோபிநாத் கர்த்தாவும் அவரும் மூன்று இழைகள் கொண்ட அமைப்பை 1954-இல் வெளியிட்டனர்.

1963-இல் வெளிவந்த பணி இன்னும் பெரிது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த நெடிய சங்கிலி. ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு பிணைப்புகளைச் சுற்றி அது திரும்ப முடியும். ஆனால் எல்லாத் திருப்பங்களும் இயலா. சில திருப்பங்களில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். தம்மிடம் ஆராய்ச்சி பயின்ற சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய இருவருடன் சேர்ந்து, இயலும் திருப்பங்களையும் இயலாதவற்றையும் ஒரே படத்தில் வரைந்து காட்டினார் ராமச்சந்திரன். இன்று உலகில் எங்கே ஒரு புரதத்தின் அமைப்பு கண்டறியப்பட்டாலும், அது சரியா என்று இந்த ராமச்சந்திரன் வரைபடத்தின்மீது வைத்துப் பார்க்கிறார்கள். மேசைக் கணக்குப் பொறியும் பொறுமையும் மாணவரின் முழு நேர உழைப்பும் அதன் மூலதனம். பின்னர் அவர் பெங்களூர் விஞ்ஞான ஸ்தாபனத்தில் மூலக்கூற்று உயிர்ப்பௌதிகப் பிரிவை நிறுவினார்.

சுதந்திர இந்தியாவில் தருமத்தின் இடத்தை அரசாங்கத் திட்டம் பற்றியது. 1942-இல் அமைந்த விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்சிலும், 1953-இல் தொடங்கி 1956-இல் சட்ட உரிமை பெற்ற பல்கலைக்கழக மானியக் குழுவும் ஆராய்ச்சி மாணவர்க்குச் சம்பளம் அளிக்கும் ஏற்பாடுகளை விரித்தன. பம்பாயில் ஹோமி பாபாவின் ஸ்தாபனத்தில் 1962-இல் ஒபெய்த் சித்திக்கி மூலக்கூற்று உயிர்நூல் பிரிவைத் தொடங்கினார். அதன் கிளையாகப் பெங்களூரில் தேசிய உயிர்நூல் மையம் 1990-களில் வளர்ந்தது. ஹைதராபாதில் உயிரணு, மூலக்கூற்று உயிர்நூல் மையம் 1977-இல் உருவாயிற்று. உயிர்த்தொழில் நுட்பத்துக்கென மத்திய அரசு 1986-இல் தனித் துறையே கண்டது.

வெளிமாநிலங்களில் வாழும் நம் குடும்பங்களுக்கு இவ்வரலாற்றில் நெருங்கிய உறவு உண்டு. 1952-இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கடராமன் ராமகிருஷ்ணன், மூன்று வயதில் பெற்றோருடன் பரோடாவுக்குக் குடிபெயர்ந்தவர். தந்தை அங்கே உயிர் இரசாயனத் துறையை வளர்த்தார், தாயும் விஞ்ஞானி. 1963-இல் ஏற்பட்ட தேசிய விஞ்ஞானத் திறனறிதல் உபகாரச் சம்பளத்தைப் பெற்று அவர் பரோடாவிலேயே பௌதிகம் பயின்றார். அமெரிக்காவில் 1976-இல் பௌதிகத்தில் டாக்டர் பட்டம் பெற்றபின், உயிர்நூலே தம் துறை என்று தெளிந்து, இன்னொரு சர்வகலாசாலையில் மீண்டும் முதல் வகுப்பு மாணவர்களோடு அமர்ந்தார். அப்போது அவர் குடும்பஸ்தர். புரதங்களை உருவாக்கும் ரைபோசோமின் அமைப்பை ஆராய்ந்தமைக்காக 2009-இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மாணவன் என்ற நிலைக்கே ஊதியம் உண்டு என்ற ஏற்பாடு இல்லாத உலகில், இத்தகைய துறை மாற்றம் செல்வர்களுக்கு மட்டுமே இயலும்.

இன்று முதுநிலைப் பட்டம் பெறும் மாணவனுக்கு வழிகள் பல. கவுன்சிலும் மானியக் குழுவும் சேர்ந்து நடத்தும் தேசியத் தேர்வில் உயிர் விஞ்ஞானம் ஐந்து பாடங்களுள் ஒன்று. உயிர்த்தொழில் நுட்பத் துறையும் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் தனித் தேர்வுகளின் வழியே சம்பளம் அளிக்கின்றன. எந்த மாநிலத்தில் பிறந்தவர், எந்த மாநிலத்தில் வசிப்பவர் என்ற வினா இத்தேர்வுகளில் எழுவதில்லை. தில்லியிலோ கல்கத்தாவிலோ படித்த தமிழ்ப் பெண், தான் பெற்ற இளநிலை ஆராய்ச்சிச் சம்பளத்துடன் ஹைதராபாதிலும் சேரலாம், பெங்களூரிலும் சேரலாம். முதலிரண்டு ஆண்டுகள் இளநிலை, பின்னர் முதுநிலை என மொத்தம் ஐந்து ஆண்டுகள் வரை அது நீடிக்கும்.

தொகையின் வரலாறும் கவனிக்கத் தக்கது. இளநிலைச் சம்பளம் 2014-இல் மாதம் ரூ. 25,000 ஆகவும், 2019-இல் ரூ. 31,000 ஆகவும், 2023-இல் ரூ. 37,000 ஆகவும் உயர்ந்தது. 2023-இல் முதுநிலைச் சம்பளம் ரூ. 42,000 ஆயிற்று. இதனுடன் வீட்டு வாடகைப் படியும் உண்டு. இவ்வுயர்வுகள் தாமாக வந்தவை அல்ல. ஆராய்ச்சி மாணவர்கள் பல நகரங்களில் கூடிக் கோரிக்கை எழுப்பிய பின்னரே வந்தன. அறிவித்த தொகை மாதம் தவறாமல் கைக்கு வர வேண்டும் என்பதும் அவர்களுடைய நெடுநாள் கோரிக்கை. நான்கு மாதப் பணம் ஐந்தாம் மாதத்தில் சேர்ந்து வந்தால் கணக்குப் புத்தகம் நேராகிவிடும். இடையில் வாங்கிய கடனும் விட்டுக்கொடுத்த உணவும் அதில் ஏறுவதில்லை. சுப்பாராவ் இரவு ஊழியம் பார்த்த காலத்துக்கும் நம் காலத்துக்கும் உள்ள தூரம், இத்தகைய தாமதங்களால்தான் குறைந்துபோகிறது.

ஆகையால், ஆராய்ச்சிக்குப் போக விரும்பும் மகனையோ மகளையோ உடைய பெற்றோர் மூன்று செய்திகளைக் கேட்டறிதல் நன்று. சம்பளம் எத்தனை ஆண்டுகளுக்கு உறுதியானது? அது முடிந்தபின் ஆராய்ச்சி முற்றுப்பெறவில்லையெனில் அக்கூடம் ஏதேனும் உதவுமா? அங்கே முன்னர்ப் பயின்றவர்கள் இன்று எங்கே பணியாற்றுகின்றனர்? முதற் கேள்வி பணத்தைப் பற்றியது. இரண்டாவது இடத்தைப் பற்றியது. மூன்றாவது ஆசனத்தைப் பற்றியது. கமலா பாகவத்தும் கொரானாவும் பட்டு அறிந்தவற்றை இன்றைய மாணவர் முன்னரே கேட்டு அறியலாம்.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புதல் தகும். காக்கிநாடாத் தருமத்தின் பணம் ஒரு வள்ளல் விட்டுச்சென்றது. இன்றைய உபகாரச் சம்பளமோ, தீப்பெட்டி வாங்குபவரும் பேருந்தில் போகிறவரும் செலுத்திய வரியிலிருந்து வருவது. கொடுத்தவர் இன்னார் என்று பெயர் சொல்ல முடியாத கொடை அது. அதைப் பெறுகிறவர் யாருக்கும் தலைகுனிய வேண்டியதில்லை. எல்லாருக்கும் கணக்குச் சொல்லும் கடமை மட்டும் உண்டு. அக்கணக்கு, சோதனைக் குறிப்பேட்டில் நாள்தோறும் நேர்மையாக எழுதப்படும் வரிகளிலேயே தொடங்குகிறது.